ஒரு கப்பல், ஏழு காரணம்

தூத்துக்குடிக்கு வரவேண்டிய கப்பல் தாமதமானால் காற்றைச் சொல்வார்கள், கடலைச் சொல்வார்கள், ஒன்றும் அகப்படாவிட்டால் கப்பல் வழியில் தொட்டு வருகிற கொழும்பைச் சொல்வார்கள். ஆனால் ஒரே கப்பலை, ஒரே நாளில், ஏழு வேறு வேறு காரணங்களுக்காகத் தாமதமாக்கிக் காட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எங்கள் தனித்தனி அண்ணாச்சி.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். நாசரேத்துக்காரர். வாத்தியார்கள் குடும்பம். அந்தப் பரம்பரையில் சாக்பீஸைத் தொடாமல் தப்பித்த முதல் ஆள் அவர்தான் என்பதால், விட்டுப்போன பாடத்தையெல்லாம் எங்களுக்கு நடத்தினார். கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் எங்கள் மேஜைகள் அடுத்தடுத்து இருந்தன. சரக்கு ஏற்றுகிறவர்களுக்குக் கப்பல் எப்போது வரும், எப்போது வராது என்று மின்னஞ்சல் அனுப்புவது வேலை. பெரும்பாலும் இரண்டாவதுதான்.

மற்றவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை. ஒரு செய்தி, நாற்பது விலாசம், ஒரு அமுக்கு. அண்ணாச்சி அதைப் பாவக் கணக்கில் வைத்திருந்தார்.

"ஏலே, நாப்பது பேருக்கும் ஒரே மெயிலு போடுதது, நாப்பது பேருக்கும் ஒரே அளவுல சட்டை தைக்க மாதிரி. மாட்டிக்கிடுவான். கைய தூக்க முடியாது."

அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவார். காயல்பட்டினத்து ஹாஜியாருக்கு சலாம், பேரன் நலம், பிறகு கப்பல். ஸ்ரீவைகுண்டம் அரிசி முதலாளிக்கு ஆற்றில் தண்ணீர் எப்படி, பிறகு கப்பல். கோபக்காரர்களுக்கு நல்ல செய்தி முதலில். நல்ல செய்தி எதுவும் இல்லையென்றால் அன்றைக்குக் கிழமை என்ன என்பதையாவது உற்சாகமாகச் சொல்லுவார். 'நாளை அலுவலகம் விடுமுறை' என்ற ஒரு வரியை எல்லோருக்கும் அனுப்பி முடிப்பதற்குள் அந்த விடுமுறையே கழிந்து போனது ஒருமுறை நடந்தது. என் கண்ணால் பார்த்தேன். நான் அப்போது ஓய்வாக இருந்தேன். எப்போதும் ஓய்வாகத்தான் இருந்தேன்.

கீழே, அவர் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்து டீக்கடையிலும் இதே கதைதான். ஆறு பேருக்கு டீ சொன்னால் ஆறு விதம். இவனுக்கு ஆடை இல்லாமல், அவனுக்குச் சீனி முக்கால், இன்னொருவனுக்கு ஆற்றி, எனக்குப் பெரிய கிளாஸில். டீ மாஸ்டர் ஒருநாள் பாய்லரை விட்டு வெளியே வந்து நின்றார். "அண்ணாச்சி, நீங்களே உள்ள வந்து போட்டுக்கிடுங்க. நான் ஒங்க ஆபீசுல போயி உக்காருதேன்."

அண்ணாச்சி உள்ளே போனார். நன்றாகவே போட்டார். அன்று டீ மாஸ்டருக்கும் ஒரு டீ கிடைத்தது, இஞ்சி தூக்கலாக.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையைக் கெடுத்தது திருச்செந்தூரில் நடந்த ஒரு கல்யாணம். எங்கள் பெரிய வாடிக்கையாளர், ஆறுமுகநேரி உப்பு வியாபாரி தங்கப்பழம் அண்ணாச்சி, பந்தியில் உட்கார்ந்து, அந்த வாரம் வராத கப்பலைப் பற்றிக் குறைபட்டிருக்கிறார். "கிரேன் ரிப்பேராம்லா, பாவம்."

பக்கத்து இலைக்காரர், உலர்ந்த பூ ஏற்றுமதி செய்கிறவர், அப்பளத்தை நொறுக்காமல் நிறுத்தினார். "கிரேனா? எனக்குக் கொழும்புல நெரிசல்னுல்லா போட்டிருக்காரு?"

எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல். "எனக்குக் கேப்டனுக்கு வயித்துப்போக்குன்னு வந்திச்சு."

பாயசம் வருவதற்குள் போன்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று மொத்தம் ஏழு காரணங்கள் சேர்ந்தன. தாலி கட்டும்போதுகூட மண்டபத்தில் அவ்வளவு பரபரப்பு இல்லையாம்.

மறுநாள் மேனேஜர் அண்ணாச்சியைக் கூப்பிட்டார். மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மரியாதையாகத் திட்டக்கூடியவர்.

"என்னங்க இது? ஏழு பொய்யுங்களா?"

"பொய்யா? ஏழும் நடந்ததுதான் சார். கொழும்புல நெரிசல் உண்டு. நெரிசல்ல நிக்கையில கிரேன் மக்கர் பண்ணிச்சு. கிரேனப் பாத்துக்கிட்டு நின்ன கேப்டன் என்னத்தையோ தின்னுட்டாரு. எவனுக்கு எது தாங்குமோ அத எழுதுனேன். தங்கப்பழத்துக்குக் கொழும்புன்னு சொன்னா ரெண்டு நாளு தூங்க மாட்டாரு. கிரேன்னா, அதுவும் நம்மள மாதிரி ஒரு உழைப்பாளிதானன்னு விட்டுருவாரு."

மேனேஜர் விடவில்லை. எல்லோருக்கும் ஒரே காரணம் போக ஒரு புது மென்பொருள் வாங்கினார். ஒரு செய்தி எழுதினால் போதும். பெயர், ஊர், கண்டெய்னர் விவரம் எல்லாவற்றையும் அதுவே ஆளுக்குத் தக்கபடி நிரப்பிவிடும். அண்ணாச்சி அடுத்த மாதத்திலிருந்து யார்டுக்குப் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே, வெயிலில், கண்டெய்னர்களுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை. பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வேறு யாருக்கும் அது மாறுதல். அண்ணாச்சிக்கு அது தீவாந்தரம். கண்டெய்னருக்கு மெயில் போட முடியாது. போட்டாலும் நலம் விசாரிக்க அதற்குப் பேரன் இல்லை.

அவர் மேஜையைக் காலி செய்யவில்லை. ஆனால் அன்றைக்கு டீக்கடையில், "எல்லாருக்கும் ஒரே மாதிரி போடுப்பா" என்றார். டீ மாஸ்டர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

புது மென்பொருளில் மேனேஜருக்கு மிகவும் பிடித்தது ஒரு வசதி. பெறுகிறவருடைய ஊரில் அன்றைக்கு வானிலை என்ன என்று அதுவே பார்த்து, அதற்கேற்ப முதல் வரியில் ஒரு குசலம் சேர்க்கும். மழைக்கு என்ன வரி போடலாம் என்று மேனேஜரே யோசித்து எழுதினார்: 'தங்கள் ஊரில் நல்ல மழை பெய்வதறிந்து உள்ளம் குளிர்ந்தோம்.'

"எப்படிங்க இருக்கு?" என்றார் என்னிடம்.

"கவித்துவமா இருக்கு சார்" என்றேன். மாதக் கடைசி அது. எனக்கு எல்லாமே கவித்துவமாகத்தான் இருக்கும்.

ஜன்னல் ஓரத்திலிருந்து அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "சார், மழைக்கு இங்கன பாதிப் பேரு சிரிப்பான், பாதிப் பேரு அழுவான்."

"மழைன்னா யாருக்குங்க சந்தோஷம் இருக்காது?" என்றார் மேனேஜர். கோயம்புத்தூரில் அது நியாயமான கேள்வி.

அந்தக் கோடையில், உப்பு நன்றாக விளைந்து வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்த நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மழை பிடித்தது. பாத்தியில் விளைந்தது கரைந்து வந்த வழியே போய்க்கொண்டிருந்தது. ஆறுமுகநேரியிலிருந்து வேம்பார் வரைக்கும் உப்புக்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வானத்தைத் திட்டிக்கொண்டு நின்றார்கள். சரியாக அப்போது அத்தனை பேர் சட்டைப் பையிலும் போன் மணியடித்தது. 'தங்கள் ஊரில் நல்ல மழை பெய்வதறிந்து உள்ளம் குளிர்ந்தோம். கப்பல் ஒரு நாள் தாமதம்.'

முதல் போன் தங்கப்பழம் அண்ணாச்சி. ஸ்பீக்கரில் போடவில்லை. தேவைப்படவில்லை.

"எவம்ல அது உள்ளம் குளுந்தவன்? இங்கன அம்பாரம் அம்பாரமா கரைஞ்சு ஓடுது, நான் நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு நிக்கேன், ஒங்களுக்குக் குளு குளுன்னு இருக்கோ? இனிம என் சரக்கு ஒண்ணு ஒங்க கப்பல்ல ஏறாது, பாத்துக்கிடுங்க!"

அவர் சரக்கு ஏறாவிட்டால் எங்களில் பாதிப் பேர் யார்டுக்குக்கூடத் தேவைப்படமாட்டோம். மேனேஜர் வியர்த்துப்போய் உடனே ஒரு மன்னிப்பு மெயில் தட்டினார். அவசரத்தில் அதையும் அந்த மென்பொருளிலேயே அனுப்பினார். மழை விடவில்லை. எனவே மன்னிப்புக்கு மேலே முதல் வரியாக அது போய் உட்கார்ந்துகொண்டது: 'தங்கள் ஊரில் நல்ல மழை பெய்வதறிந்து...'

ஆபீஸில் இருந்த எல்லா போன்களும் ஒரே சமயத்தில் அடித்தன.

அண்ணாச்சி எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மேனேஜர் முன்னால் போய் நின்றார். "சார், யார்டுக்கு வண்டி எப்ப வரும்? குடை எடுத்துட்டு வரணுமான்னு கேக்கேன்."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணாச்சி..." என்றார். அதுவரை அவர் வாயில் வராத வார்த்தை அது. அடித்துக்கொண்டிருந்த போன்களைக் கையால் காட்டினார்.

அண்ணாச்சி தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நீளமாக எழுதப்போகிறார், ஏழு பக்கம் வரும் என்று நான் நினைத்தேன். தங்கப்பழம் அண்ணாச்சிக்கு ஒரே வரிதான் தட்டினார். 'தார்ப்பாய் போட்டாச்சா?'

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. மேனேஜர் எழுந்து வந்து அவர் பின்னால் நின்றார். பிறகு பதில் வந்தது: 'பாதிக்குத்தான் போட முடிஞ்சுது.' எங்கள் அண்ணாச்சி எழுதினார்: 'பாதியாவது நின்னுச்சே.' இந்த முறை பதில் வரத் தாமதமாகவில்லை. 'கப்பல் என்னைக்கு?'

மேனேஜர் உட்கார்ந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தோம்.

மென்பொருளைச் சீர்படுத்த சாத்தான்குளத்துப் பெண் ஒருத்தி வந்தாள், பெனிட்டா. அதை எழுதினவர்களில் அவளும் ஒருத்தி. அண்ணாச்சி அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்டவற்றை எந்தக் கம்ப்யூட்டரும் அதற்குமுன் கேட்டிருக்காது.

"ஏளா, மழைக்குச் சிரிப்பானா அழுவானான்னு ஒரு கட்டம் வையி. விடியக்காலம் பேசலாமா, சாப்ட்ட பெறகுதான் பேசணுமான்னு ஒண்ணு. எத்தனை காரணம் தாங்குவான்னு ஒண்ணு."

பெனிட்டா கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். "மத்ததெல்லாம் வைக்கேன் அண்ணாச்சி. காரணம் ஒண்ணுதான். அதுல ஒங்களக் கை வைக்க விடமாட்டேன்."

"ஒரு ரெண்டு?"

"ஒண்ணு."

"ஆத்திர அவசரத்துக்கு?"

"திருச்செந்தூர்ல இன்னொரு கல்யாணம் வரும் அண்ணாச்சி."

அண்ணாச்சி விட்டுக்கொடுத்தார். அவர் அப்படி விட்டுக்கொடுத்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்கு ஈடாக அவர் ஒன்று கேட்டார். அனுப்பும் பொத்தானை அமுக்கியதும் திரையில் ஒரு பெட்டி வரவேண்டும். அதில் உள்ள வார்த்தையை அவரேதான் எழுதுவார். பெனிட்டா சிரித்துவிட்டு இடம் கொடுத்தாள். யார்டுக்கு வேறு ஆள் போனார். அண்ணாச்சி ஜன்னலோரத்திலேயே இருந்து, ஓய்வு பெற்று, போன வருஷம் நாசரேத்துக்குப் போய்விட்டார். அங்கே பேரப்பிள்ளைகளுக்குத் தனித்தனியாகத் தோசை ஊற்றுகிறார் என்று கேள்வி.

அவர் வேலை இப்போது எனக்கு. எனக்கு இருந்த ஓய்வெல்லாம் போயிற்று. கப்பல் வராத நாட்களில் செய்தியை எழுதி அனுப்பும் பொத்தானை அமுக்குகிறேன். உடனே திரையின் நடுவில் அந்தப் பெட்டி வந்து நிற்கிறது: 'ஏலே, வெளிய எட்டிப் பாத்தியா?' கீழே ஒரே ஒரு பதில்தான் உண்டு: 'பாத்தேன் அண்ணாச்சி.' அமுக்காவிட்டால் ஒரு மெயிலும் போகாது.

உட்கார்ந்த இடத்திலிருந்தே அமுக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். மழை வருகிறதா என்று வானத்தைப் பார்க்கிறேன். அப்புறம் கொஞ்ச நேரம் கீழே, அவர் ஸ்கூட்டர் நிறுத்தி வந்த இடத்தையும்.