கல்லும் ரோலும்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டு, ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஏழு பேரும் என் கைச் சாப்பாட்டில் வளர்ந்தவர்கள். அதில் ஒருவருக்காவது ஒரு பல்லின் நுனிகூட உடைந்தது கிடையாது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நோர்வேயில் நாங்கள் இருக்கும் புருசெத்தில், எங்கள் கட்டடத்தில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. அதில் ஒரு பல் வருகிறது. உண்மையைச் சொன்னால் ஒரு பல் அல்ல, மேல்வரிசை முழுவதும்.

கதை பொய்யில்லை. ஆனால் பிழை முழுவதையும் என் தலையில் கட்டுவது அநியாயம். அதில் ஒரு பங்கு, பாட்டுக்குப் போய்க் கல்லு என்று பெயர் வைத்தவனுடையது. ஒரு பங்கு என் மருமகனுடையது. இன்னொரு பங்கு, நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கும் என் பேத்தி ஆரணியுடையது. (சிரிக்காமல் எழுது பிள்ளை.)

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இங்கிலீசில் ஒரேயொரு சொல்லைக் கண்ணால் கண்டால் தெரியும். அது ரோல். எழுத்தைப் பார்த்தால் ஒருவன் காலை நீட்டிக்கொண்டு நிற்பான், பக்கத்தில் ஒரு முட்டை, அதற்குப் பிறகு சாய்ந்து உட்காருகிற இரண்டு கதிரைகள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் செய்து அனுப்பும் பலகாரப் பெட்டிகளில் ஆரணி அந்தச் சொல்லை எழுதி ஒட்டுவாள். பார்த்துப் பார்த்து மனதில் பதிந்துவிட்டது.

என் ரோலைப் பற்றி நானே பேசுவது அழகில்லை. ஆனாலும் மற்றவர்கள் பேசினால் ஏதாவது ஒன்றை விட்டுவிடுகிறார்கள். மேல் தோல் மெல்லிசு. ரஸ்க் தூள் ஓரிடத்திலும் உரியாது. கடித்தால் மொறுமொறுவென்று உடைந்து, உள்ளே உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் மிளகும் ஆவி பறக்க வரும். நோர்வேக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இந்த நாட்டுப் பாஷை பிடிபடவில்லை. ரயிலில் தனியே போகத் தெரியாது. கடையில் ஒன்றைக் கேட்டால் வேறொன்றைத் தருவார்கள். ஆனால் ஒரு தட்டு ரோலோடு எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே வரச் சொல்வார்கள். இந்த ஊரில் எனக்கு வாய் அதுதான்.

இனி கீழ்வீட்டு ஆர்னே. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இறந்தபின் தனியே இருப்பவர். யேசு பிறந்த நத்தார் நாள் ஒன்றில் ஆரணியைக் கூட்டிக்கொண்டு அவருக்கு ஒரு தட்டு ரோல் கொண்டுபோனேன். இது என்னவென்று அவர் கேட்க, ஆரணி ரோல் என்றாள். அந்த மனிதர் ஒரு கையை முஷ்டி பிடித்து உயர்த்தி, முகமெல்லாம் சிரிப்பாக, "ரொக் அண்ட் ரோல்!" என்றார்.

அன்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு படிக்கட்டில் கண்டாலும் அதே வார்த்தை, குப்பை போடுகிற இடத்தில் கண்டாலும் அதே வார்த்தை. ரோல் எனக்குத் தெரியும். இந்த ரொக் என்ன? அப்போது ஆரணிக்குப் பத்து வயது. வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"இங்கிலீசிலையோ அம்மம்மா?"

"ஓம், இங்கிலீசிலை."

"ரொக் எண்டா கல்லு. அண்ட் எண்டா உம்."

கல்லும் ரோலும். நான் கதிரையில் இருந்துவிட்டேன். நத்தாரன்று எண்ணெய் கூடச் சூடாகிவிட்டதோ? பொரித்தவுடன் மூடி வைத்தேனோ? முப்பது வருஷமாக ஒருவரும் குறை சொல்லாத கையை, ஒரு தட்டை நக்கி முடித்துவிட்டுக் கல்லென்று சொல்ல இவருக்கு எப்படி மனம் வந்தது? அதுவும் சிரித்துக்கொண்டு. வெள்ளைக்காரரின் மரியாதை இதுதானாக்கும் என்று நினைத்தேன். அடுத்தமுறை அவர் முஷ்டியை உயர்த்தியபோது நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். அவர் அதற்கும் சிரித்தார்.

இது போதாதென்று மாசிமாத முடிவில் கட்டடச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மருமகன் அதை வாசித்துவிட்டு, சமையல் மணத்தைப் பற்றி முறைப்பாடு வந்திருக்கிறது மாமி, வசந்தகாலத் துப்புரவு நாள் முடிந்தபிறகு சங்கம் கூடி முடிவெடுக்குமாம், அதுவரை பொரியலைக் குறைத்தால் நல்லது என்றார். யார் முறைப்பாடு செய்தது என்று கேட்டேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அது சொல்லவில்லை என்றார். என் மகள் வசந்தி, இனி வீட்டில் ரோல் பொரிக்கவே வேண்டாம் அம்மா, எங்களுக்கு வம்பு வேண்டாம் என்றாள்.

பொரிக்காதே என்றால், வாயை மூடு என்று அர்த்தம். யார் செய்த வேலையென்று எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. நான் நின்று பொரிக்கும் குசினிக்கு நேர் கீழே இருப்பது யார்? என் ரோலைக் கல்லென்று சொல்லித் திரிவது யார்?

ஒரு வாரம் போயிருக்கும். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்த நேரம் கதவு மணி அடித்தது. ஆர்னே. மண்ணிறக் கடதாசியில் சுற்றிய தட்டையான பொதி ஒன்றை என் கையில் வைத்தார். எங்கள் குசினிப் பக்கம் விரலை நீட்டினார், தன் காதைத் தொட்டார், காலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார், "ரொக் அண்ட் ரோல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிரித்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் பளபளவென்று ஒரு சீடி. மேலே ஒருவனின் படம். தலையில் ஒரு போத்தல் எண்ணெய் இருக்கும். கிட்டாரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, வாயை ஆவென்று திறந்திருந்தான். கல்லைக் கடித்தவனின் முகம் அப்படித்தான் இருக்கும். படத்துக்கு மேலே பார்த்தால் காலை நீட்டியவன், முட்டை, இரண்டு கதிரைகள்.

என் ரோலைப் பற்றி அச்சடித்தே விட்டார்கள்!

பள்ளிக்கூடத்தால் வந்த ஆரணியின் கையில் செருப்பைக் கழற்றமுன்பே கொடுத்தேன். ரொக் அண்ட் ரோல் என்றுதான் போட்டிருக்கிறது என்று உறுதிப்படுத்தினாள்.

"கீழை என்ன எழுதியிருக்கு?"

"கிறேற்றஸ்ட் ஹிட்ஸ்."

"அப்பிடியெண்டா?"

"கிறேற்றஸ்ட் எண்டா ஆகப் பெரிய. ஹிட் எண்டா அடி. ஆகப் பெரிய அடியள், அம்மம்மா."

"ஆருக்காம்?"

அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அது போடேல்லை."

பின்பக்கத்தில் இலக்கம் போட்டு இருபது வரிகள் இருந்தன. இருபது அடி. ஒவ்வொன்றுக்கும் பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். நான் சீடியை அரிசி வாளிக்குள் ஆழமாகப் புதைத்து, வீட்டில் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று ஆரணியிடம் சத்தியம் வாங்கினேன். (மகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். எனக்கு ரோசம். அறுபதைத் தாண்டியபின் ரோசமும் முழங்கால் வலியைப்போலத் தானாகவே வந்துவிடுகிறது.)

துப்புரவு நாள் வந்தது. இதற்கு இவர்கள் டுக்நாட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் வழுக்காமல் இருப்பதற்காக வழியெல்லாம் சிறு கற்களைக் கொட்டுவார்கள். பனி உருகியதும் கட்டடத்து ஆட்கள் முழுப்பேரும் தும்புத்தடியோடு வெளியே வந்து அந்தக் கற்களைக் கூட்டி அள்ள வேண்டும். பிறகு முற்றத்து மேசையில் கோப்பியும் பலகாரமும். ஊரே கல்லுக் கூட்டிய அந்தக் காலையில் நான் கல்லுப் பொரித்தேன்.

பொரிக்க வேண்டாமென்று மகள் சொன்னது ஞாபகம் இருந்தது. கடைசித் தடவை என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். அறுபது நல்ல ரோல் செய்தேன். அறுபத்தோராவதுக்கு, பூப்பாத்திக் கரையில் பொறுக்கிய நீட்டுக் கல் ஒன்று. அதை மூன்று தண்ணீரில் கழுவி, மஞ்சள் போட்டு அவித்தேன். ஊத்தைக் கல்லைச் சாப்பாட்டுக்குள் வைக்கிற குடும்பம் அல்ல நாங்கள். தோலில் சுற்றி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் உருட்டிப் பொரித்தேன். உண்மை பேச வேண்டும், அறுபத்தொன்றில் வடிவாக வந்தது அதுதான்.

கடிக்க வைப்பது என் எண்ணமில்லை. அதைக் கொடுத்தவுடன் பாரத்தில் அவர் கை கீழே போகும். அவர் என்னைப் பார்ப்பார். நான் அவரைப் பார்ப்பேன். கல்லு ரோல் என்றால் எப்படி இருக்கும் என்று அவருக்கு விளங்கும். அவ்வளவுதான் திட்டம். அவர் கையில் தடித்த வேலைக் கையுறை இருக்கும், அதற்குள் பாரம் தெரியாது என்று நான் யோசிக்கவில்லை. என் ரோலைக் கண்டால் ஒரு மனிதர் கையுறையைக் கழற்றக்கூடப் பொறுக்கமாட்டார் என்பதையும் யோசிக்கவில்லை.

"ரொக் அண்ட் ரோல்," என்று சொல்லி முழுவாயாகக் கடித்தார்.

அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. முற்றத்தில் தும்புத்தடிகள் நின்றன. ஆர்னே வாய்க்குள் விரலை விட்டு, கட்டுப்பல்லின் மேல்வரிசையை வெளியே எடுத்தார். ஒரு பாதி வந்தது. பிறகு மற்றப் பாதி வந்தது.

மகள் ஓடிவந்தாள். "இதென்னம்மா?"

"கல்லு."

"கல்லெண்டு தெரியுது. ஏன்?"

நான் விடவில்லை. அந்த மனிதர் நாலு மாதமாக என் ரோலைக் கல்லென்று சொல்லித் திரிகிறார், மணம் என்று சங்கத்துக்கு எழுதியது அவர்தான், போதாததற்கு இருபது பெரிய அடி தருவேன் என்று படத்தோடு அச்சடித்து வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார், சந்தேகமென்றால் அரிசி வாளிக்குள் கையை விட்டுப் பார் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். தமிழில்தான். மகள் இந்த நாட்டுப் பாஷையான நோர்ஸ்கில் சொல்லத் தொடங்கி, அரைவாசியில் முகத்தை மூடிக்கொண்டாள். மிச்சத்தை ஆரணி சொன்னாள்.

கட்டடச் சங்கத் தலைவிதான் முதலில் வாய் திறந்தார். மணத்தைப் பற்றி ஆர்னேயும் எழுதியது உண்மைதானாம். மேல்வீட்டுக் குசினி மணம் வந்தால்தான் எனக்குச் சாப்பிட மனம் வருகிறது, அதை நிறுத்திவிடாதீர்கள் என்று எழுதியிருந்தாராம். முறைப்பாடு செய்தவர், எங்கள் குசினியில் காற்றை இழுக்கும் மின்விசிறி வேலை செய்யவில்லை, மணம் உடுப்பெல்லாம் ஏறுகிறது என்று எழுதிய என் மருமகன். அவர் அந்த நேரத்தில் ஏற்கெனவே கூட்டி முடித்த இடத்தை மறுபடி கூட்டிக்கொண்டிருந்தார்.

"ரொக் எண்டா கல்லெண்டு சொன்னனியெல்லே?" என்று ஆரணியைப் பிடித்தேன்.

"நீங்கள் இங்கிலீசிலை கேட்டனீங்கள், அம்மம்மா. நோர்ஸ்கிலை கேட்டிருந்தா பாட்டெண்டு சொல்லியிருப்பன்."

பாட்டாம்! கல்லும் ரோலும் என்று பெயர் வைத்து ஒரு பாட்டாம். ஹிட் என்றால் எல்லோருக்கும் பிடித்த பாட்டாம். அடி என்று பெயர் வைத்ததை எல்லோருக்கும் எப்படிப் பிடிக்கும்? ஒருவரும் இன்றுவரை எனக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி இந்தக் கட்டடத்தில் ஒரு கதவும் எனக்குத் திறக்காது என்று தெரிந்தது. அப்போது ஆர்னே வலது கையில் கல்லை உயர்த்தினார். "ரொக்," என்றார். இடது கையில் உடைந்த தோலை உயர்த்தினார். பல்லில்லாத வாயால் "வோல்" என்றுதான் வந்தது. பிறகு அந்த வாயைத் திறந்து சிரித்தார் பாருங்கள், சீடியில் இருந்தவன் தோற்றான்.

புதுப் பல் வரப் பத்து நாளானது. பத்து நாளும் இடியப்பமும் சொதியும், கஞ்சியும், மசித்த பூசணிக்காயும் நானே கொண்டுபோனேன். அவர் சாப்பிட்டபடி அந்தச் சீடியைப் போடுவார். இந்தப் பாட்டை முதன்முதலில் பாடத் தொடங்கியவர்களில் அந்தப் படத்தில் இருப்பவன் ஒருவனாம். ஆர்னேயும் மனைவியும் இளமையில் இதற்குத்தான் ஆடுவார்களாம். நான் ரோலுக்கு மா அடிக்கும் தட்டுத் தட்டு அவருடைய கூரையில் கேட்கும்போதெல்லாம் அவருக்கு அந்தத் தாளம் ஞாபகம் வருமாம். அதனால்தான் எனக்கும் ஒரு சீடி வாங்கினாராம். இதையெல்லாம் ஆரணி மொழிபெயர்த்தாள். (இந்தமுறை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினேன்.) பாட்டைப் பற்றி என் அபிப்பிராயம்: அவன் கத்துகிறான். ஆனால் மா அடிக்கத் தோதான கத்தல்.

மின்விசிறி திருத்தியாயிற்று. ரோல் பொரிப்பதும் நிற்கவில்லை. நிற்காத இன்னொன்றும் இருக்கிறது. அடுத்த டுக்நாட்டில் ஆர்னே என் ரோலைக் கையில் எடுத்து, கடிக்க முன் மேசையில் மூன்று தரம் தட்டிப் பார்த்தார். எல்லோரும் தட்டினார்கள். புதிதாகக் குடிவந்தவர்களும் பார்த்துத் தட்டினார்கள். போன வருஷம் ஆரணி பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்திய வீட்டுக்குக் கட்டடத்து ஆட்களைக் கூப்பிட்டோம். மண்டபம் நிறைய வெள்ளைக்காரர், எல்லோர் கையிலும் ரோல், எல்லா மேசையிலும் டக் டக் டக். மகளோடு வேலை செய்யும் சென்னைப் பிள்ளை ஒன்று என்னிடம் வந்து, "ஆன்ட்டி, இது உங்க சிலோன் வழக்கமா?" என்று கேட்டது.

"ஓம் பிள்ளை," என்றேன். "பழைய வழக்கம்."

அந்தப் பிள்ளையும் தட்டிவிட்டுத்தான் கடித்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற மருமகன் வாய் பொத்திச் சிரித்தார். மணத்துக்குக் கடிதம் எழுதியவருக்குச் சிரிப்பு ஒரு கேடு.

காணும், ஆரணி. பேனையை வை. இனி முதலிலிருந்து ஒருக்கா வாசித்துக் காட்டு. நான் சொன்னதை மட்டும் வாசி, பொருள் சொல்லாதே. பல்லு வருகிற இடத்தில் கொஞ்சம் குரலைத் தணித்து வாசி, கீழ்வீட்டில் யன்னல் திறந்திருக்கிறது.