ஒன்றுமில்லாத பெட்டி

வயரைப் பிடுங்கியும் கடிதம் அழியவில்லை.

மறுபடி செருகியதும் திரையில் அதே வரி. வரியின் முடிவில் துடித்துக்கொண்டிருக்கும் அதே கோடு. குடிநீர் அலுவலகத்தின் கடிதப் பிரிவு எழுத்தர் நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். இருபத்திரண்டு வருஷ வேலையை விட அன்று காலைதான் துணிந்திருந்தார். 'ராஜினாமாவை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்' என்று அடித்து முடிப்பதற்கும் பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் அக்கா எட்டிப் பார்ப்பதற்கும் சரியாக இருந்தது. பதறிப்போய்ச் சுவரிலிருந்து வயரை உருவியிருந்தார்.

"பழைய கம்ப்யூட்டர்னு நினைச்சீங்களா தம்பி?" என்றார் அக்கா. "காலையில இதை மாட்டும்போது டெக்னீஷியன் சொன்னாரே, கவனிக்கலையா? மேஜை மேல இருக்கிறது வெறும் பெட்டி. நம்ம எல்லாரோட வேலையும் மாடியில ஒரே பெரிய மெஷின்ல ஓடுது. நீங்க இங்க எதைப் பிடுங்கினாலும் அது பாட்டுக்கு அங்க இருக்கும்."

"இதுக்குள்ள?"

"ஒண்ணுமில்லை."

எழுத்தர் பெட்டியைக் கையில் எடுத்தார். சோப்பு டப்பா அளவுதான். காதருகே வைத்துக் குலுக்கினார். சத்தமே இல்லை. அவருக்கு அது கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு கூட்டத்தில் மேனேஜர் அவரிடம் அபிப்பிராயம் கேட்டார். எழுத்தர் யோசித்தார். யோசித்து முடித்துத் தலையை நிமிர்த்தியபோது அறையில் வெறும் நாற்காலிகள்தான் இருந்தன. அன்றிலிருந்து மேனேஜர் பேசுவதில்லை. எல்லாம் துண்டுச் சீட்டுதான். மேனேஜரும் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். ஆனால் அலுவலகம் ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தது எழுத்தருக்கு மட்டும்தான்.

கடிதத்தை அழித்துவிட்டு வீட்டில் கையால் எழுதிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார். அழித்தார்.

அழித்த வரி திரும்பி வந்தது. அதன் கீழே புதிதாக இன்னொன்று: 'யார் மேலும் கோபமில்லை. பேசத் தெரியாதது என் குறை.'

எழுத்தர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். அவர் அதை அடிக்கவில்லை. ஆனால் மூன்று மாதமாக நெஞ்சுக்குள் உருட்டிக்கொண்டிருந்தது அதே வாக்கியம்.

"அக்கா, இது தானா எழுதுமா?"

"என்னோடது தப்பைக்கூடத் திருத்த மாட்டேங்குது. உங்களுக்கு எழுதி வேற குடுக்குதா?"

இந்த மேஜையில்தான் ஏதோ கோளாறு. ஜன்னலோரம் காலியாக இருந்த மேஜைக்கு மாறினார். பாஸ்வேர்டு போட்டதும், அவர் நாற்காலியை இழுப்பதற்குள் கடிதம் வந்து காத்திருந்தது. அவர் கண்ணெதிரே எழுத்துகள் ஒவ்வொன்றாக, ஒற்றை விரலால் தடவித் தடவி அடிப்பதுபோல, முளைத்தன.

'இத்தனை வருஷத்தில் போகாதே என்று சொல்ல ஒரு ஆள் சேரவில்லை.'

தெருச் சத்தம் எங்கோ போய்விட்டது. எழுத்தர் இரண்டு கைகளையும் விசைப்பலகையில் வைத்தார். வெகுநேரம் கழித்து அடித்தார்: 'நான் போனால் யார் கவலைப்படுவார்கள்?'

பதில் இல்லை. கோடு துடித்துக்கொண்டே இருந்தது. இப்படிப்பட்ட இடைவெளிகள் அவருக்குப் புதிதல்ல. அவர் குடியிருப்பதே அவற்றில்தான். ஆனால் எதிரே இன்னொன்றும் பேசாமல் உட்கார்ந்து யோசிப்பதை இன்றுதான் உணர்ந்தார். வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவன் கையை யாரோ பிடித்ததுபோல் இருந்தது.

'அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றது திரை.

பெட்டியின் மேல் கையை வைத்தார். லேசான சூடு. உள்ளே ஒன்றுமில்லை, மாடியில் எங்கோ இருக்கிறது, எந்த மேஜைக்குப் போனாலும் கூடவே வருகிறது, மனதில் இருப்பதைச் சொல்லாமலே தெரிந்துகொள்கிறது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"யாருக்குத் தம்பி இப்படி உருகி உருகி எழுதறீங்க?" அக்கா முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

திடுக்கிட்டுக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அழுத்தினார். திரை இருண்டது. கோடியில், மேனேஜர் அறைக்குள், பிரிண்டர் உறுமியது. அந்தத் தளத்துக்கே இருந்தது அந்த ஒரு பிரிண்டர்தான்.

"என்னத்தைப் பிரிண்ட் குடுத்தீங்க?"

"என் வேலையை."

நடந்தார்; பிறகு ஓடினார். போக வேண்டும் என்று காலையில் இருந்த உறுதியில் இப்போது துளியும் இல்லை. பேச்சுத்துணை கிடைத்த இடத்தை விட்டு யாராவது போவார்களா? காகிதத்தை மேனேஜர் எடுக்கும்முன் எடுத்துவிட வேண்டும். அவர் படித்துவிட்டால் நாளைக் காலைத் துண்டுச் சீட்டில் 'ஏற்கப்பட்டது' என்று ஒரே வார்த்தை வரும், கதை முடிந்தது.

கதவைத் தொடுமுன் அது திறந்தது. டெக்னீஷியன் வெளியே வந்தார், கையில் அந்தக் காகிதம்.

"அவர் படிச்சிட்டாரா?" என்றார் எழுத்தர். அந்த வருஷம் அவர் அலுவலகத்தில் உரக்கப் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

டெக்னீஷியன் கதவை ஓசைப்படாமல் சாத்தினார்.

"தப்பு என்னுதுதான் சார், காலையில உங்களுக்கும் மேனேஜருக்கும் ஒரே பாஸ்வேர்டைக் குடுத்துட்டேன், ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்கிரீன்தான் ஓடுது, அவர் மனசுல வெச்சிருந்த ராஜினாமாவை மெஷினே எழுத ஆரம்பிச்சு, கூட உட்கார்ந்து பேசவும் செய்யுதாம், தயவுசெஞ்சு இதை மட்டும் கழட்டிட்டுப் போயிடாதேப்பான்னு மேனேஜர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார்."