வாசலுக்கு வெளியே ஒரு சட்ட நிபுணர்

வாசகரே, வாடகை வீடு தேடிப் புதுச்சேரித் தெருக்களில் செருப்புத் தேய்ந்தவர் எவராயினும் இந்த இனத்தை அறிந்தே இருப்பார். வழக்கறிஞர் பட்டம் பெறாதவர். நீதிமன்றப் படி ஏறாதவர். ஆனால் பூட்டிய கதவொன்றின் முன் அவரை நிறுத்திப் பாருங்கள், குடியிருப்பவரின் உரிமைகள் அத்தனையும் வரிசை எண்ணோடு அவர் வாயிலிருந்து புறப்பட்டு வரும். அதே கதவுக்கு உள்ளே அவரை உட்காரவையுங்கள். சட்டம் மறந்துபோகும். மனிதாபிமானம் நினைவுக்கு வரும்.

இந்த இனத்தின் உதாரண புருஷர் முத்தியால்பேட்டை சக்கரபாணி. அரசு அலுவலகம் ஒன்றின் பதிவறையில் எழுத்தராகப் பணி. கேஸ் சிலிண்டர் வந்த தேதி, மகளின் தடுப்பூசி அட்டை, 1989இல் ரிப்பேரான மின்விசிறியின் ரசீது ஆகிய யாவும் அவர் வீட்டில் நீல நிறக் கோப்பொன்றில் பக்க எண்ணோடு வாழ்ந்துவந்தன. 2006ஆம் ஆண்டு ஜூலை பதினான்காம் தேதி அவர் ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்துக்குக் குடிபோவதாக ஏற்பாடு. வீட்டுக்காரர் அர்மான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், மாடியில் வசித்தார். பதினான்காம் தேதி ஏன்? சக்கரபாணியின் மனைவி கலைவாணி தினசரிக் காலண்டரைப் புரட்டிப் புரட்டிக் கண்டெடுத்த கடைசி நல்ல நாள் அது. அடுத்த மூன்றாம் நாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாராவது பால் காய்ச்சிக் குடிபோவார்களா?

எட்டாம் தேதி வீட்டைப் பார்வையிடப் போனவரை அர்மான் கேட்டிலேயே நிறுத்தினார்.

“ஒரு சின்ன சங்கடம், முசியே. பாரீஸ்லேர்ந்து என் தங்கச்சி ஏவ்லின் வக்கான்ஸுக்கு வந்திருக்கா. கீழதான் தங்கியிருக்கா. லீவு முடிஞ்சி கெளம்பறவரைக்கும்... சரி, ரெண்டே நாள் பொறுங்க, ஒரு வழி சொல்றேன்.”

பத்தாம் தேதி போனபோதும் ரெண்டே நாள். பன்னிரண்டாம் தேதி போனபோதும் ரெண்டே நாள். அன்று சக்கரபாணி அர்மானின் முன்னாலேயே கோப்பைத் திறந்தார்.

“ரெண்டு நாள்ங்கறது எந்தச் சட்டத்துல இருக்கு? கேட்டுக்குங்க. ஒண்ணு, சாவி தராத நாளுக்கு வாடகை கெடையாது. ரெண்டு, சொன்ன தேதி தவறினா ஒப்பந்தத்த முறிச்சிட்டு அட்வான்ஸ முழுசா திருப்பிக் கேக்கலாம். மூணு, அதனால ஆகுற வண்டிச் செலவு உங்க தலையில. நாலு, எதுவா இருந்தாலும் எழுத்துல தரணும்.”

“நீங்க வக்கீலா, முசியே?”

“இல்ல. வெவரம் தெரிஞ்சவன்.”

இதே நான்கு அம்சங்களை அவர் ஏற்கெனவே ஒப்புகை அட்டை இணைத்த பதிவுத் தபாலில் மூன்று முறை அனுப்பியிருந்தார். ஜன்னலுக்கு உள்ளே ஏவ்லின் நாற்காலியில் சாய்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தது அங்கிருந்தே தெரிந்தது. அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்கிறீர்களா? பேச்சுக்கு ஒப்புகை அட்டை உண்டா?

பதினான்காம் தேதி விடிந்தது. அர்மான் மார்பு நிறையப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு பிரெஞ்சு தேசிய நாள் விழாவுக்குக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். சக்கரபாணி முத்தியால்பேட்டையில் சுருட்டிக் கட்டிய மெத்தையின்மேல் அமர்ந்து நான்காவது கடிதத்துக்கு வரைவு எழுதிக்கொண்டிருந்தார். எட்டரை மணிக்கு அவர் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது.

சக்கரபாணி காலி செய்யும் அந்த வாடகை வீட்டுக்கு அன்று முதல் குடிவரவேண்டிய அரிகிருஷ்ணன் இறங்கினான். ஆலைத் தொழிலாளி. டெம்போவில் கட்டில், பீரோ, கிரைண்டர். பின்னால் ஆட்டோவில் அவன் மனைவி துர்கா. மடியில் இருபது நாள் குழந்தை, காலடியில் பால் தூக்கு. சக்கரபாணி கேட்டுவரை நடந்தார். திறக்கவில்லை.

“வாங்க தம்பி. ஒரு சின்ன சங்கடம். போற எடத்துல சாவி தரல. ரெண்டே நாள் பொறுங்க.”

“என்னண்ணே இப்படிச் சொல்றீங்க! பழைய வீட்டுச் சாவியக் காலையிலயே குடுத்துட்டு வந்துட்டேன். பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு எங்க போவேன்?”

“மனுஷனுக்கு மனுஷன் விட்டுக்குடுக்க வேணாமா? எதுக்கெடுத்தாலும் சட்டம் பேசினா எப்படி?”

அரிகிருஷ்ணன் அதுவரை சட்டம் எதுவும் பேசியிருக்கவில்லை. இப்போதுதான் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான். போன மாதம் அவன் வீடு பார்க்க வந்தபோது, அறிவுரை சொல்லாமல் ஒருவரை வழியனுப்பும் வழக்கமில்லாத சக்கரபாணி, கோப்பின் நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரதி எடுத்துத் தேதியை நிரப்பி, காலி செய்பவர் என்ற முறையில் தாமே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்.

“நீங்கதானேண்ணே எழுதிக் குடுத்தீங்க, ஏமாந்துடாதேன்னு. ஒண்ணு, சாவி தராத நாளுக்கு...”

ஒவ்வொன்றாக வாசித்தான். டெம்போ ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். “அந்த மூணாவது பாயிண்ட இன்னொருவாட்டி படிப்பா. வண்டிச் செலவுன்னு காதுல உழுந்துச்சே.”

சக்கரபாணி காகிதத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். ஓட்டை எதுவும் இல்லை. அவர் எழுதியதில் என்றைக்கு இருந்திருக்கிறது?

ஆட்டோவில் குழந்தை வீறிட்டது. பின்னாலிருந்து வந்த கலைவாணி கணவரை ஒதுக்கிவிட்டுக் கேட்டைத் திறந்தாள்.

“புள்ளயத் தூக்கிக்கிட்டு உள்ள வாம்மா. அடுப்ப நான் இன்னும் கட்டல. பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள பால வச்சிடு.” பிறகு கணவரிடம், “நான் ரெட்டியார்பாளையம் போயிட்டு வரேன்.”

“என்ன எழுதி எடுத்துக்கிட்டுப் போற?”

“வாய எடுத்துக்கிட்டுப் போறேன்.”

ஒன்றரை மணி நேரத்தில் சாவியோடு திரும்பினாள். ஏவ்லின் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: “வாடகைக்கு விட்டதையே அண்ணன் எங்கிட்ட சொல்லலியே! அப்பா கட்டின வீடு, நான் கோச்சிப்பேன்னு பயந்துட்டாரு போல. மாடியில ரூம் சும்மாதானே கெடக்கு, நான் போயிக்கறேன்.” மூன்று பதிவுத் தபால்களும் அர்மானின் பதக்கப் பெட்டிக்கு அடியில் பிரிக்கப்படாமல் பத்திரமாக இருந்தன.

ராகு காலம் கழிந்த கையோடு ரெட்டியார்பாளையத்திலும் பால் பொங்கியது. இரண்டு குடும்பமும் ஆடிக்கு முன் கூரைக்குள் வந்துவிட்டன. சக்கரபாணி சாவி பெற்ற நேரத்தைக் கோப்பில் பதிந்தார்.

மாலையில் ஏவ்லின் கீழே இறங்கி வந்து கிரில் கதவைத் தட்டினார்.

“முசியே, அவசரத்துல என் பெட்டி ரெண்டும் பரண்மேலயே இருந்துடுச்சி. துணியெல்லாம் அதுலதான் இருக்கு. எடுத்துக்கட்டுமா?”

கூடம் முழுக்கச் சாமான்கள். சக்கரபாணி கதவுக்கு உள்ளே இருந்தார்.

“ஒரு சின்ன சங்கடம், மதாம். பீரோ குறுக்க கெடக்கு. ரெண்டே நாள் பொறுங்க.”

சிரிக்கிறீர்களா, வாசகரே? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். இப்போது உங்கள் கையில் இருக்கும் இந்தப் புத்தகம், அட்டையைத் திருப்பிப் பாருங்கள், யார் பெயர் எழுதியிருக்கிறது? எப்போது திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கினீர்கள்?