வீட்டுக்குள் வந்த மணல்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பழைய ரயில் பாதை தொடங்கும் இடத்தில் கூடியிருந்தவர்கள்: ஆந்தை, ஆந்தையின் மனைவி, மனைவியின் அண்ணன், அண்ணனின் குடை. குடையை ஆள் கணக்கில் சேர்க்கக் காரணம் உண்டு. அதை விரித்துவிட்டால் பாதையில் இன்னொருவருக்கு இடமில்லை.

"இதைப் பாக்கவா வெயில்ல கூட்டிட்டு வந்தீங்க மாப்பிள்ளை?"

"உங்களை யாரும் கூப்பிடலையே மச்சான்."

"கூப்பிட்டாத்தான் வரணும்னா நான் எந்த வீட்டுக்கும் போக முடியாது."

அது உண்மைதான் என்பது ஆந்தைக்கும் தெரியும்.

ஆந்தை என்பது அந்த அண்ணன் வைத்த பெயர்தான். குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. உறைந்த பெட்டிகளை அடுக்க வேண்டும், லாரி வந்தால் எடுக்க வேண்டும், வராவிட்டால் வேறிடத்தில் அடுக்க வேண்டும். மனைவிக்குச் சலவை நிலையத்தில் பகல் வேலை. ஓட்டல் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுவது. ஒருவர் குளிரில் விறைத்து வீடு திரும்பும்போது இன்னொருவர் சூட்டில் வேகக் கிளம்புவார். வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தில் மட்டும் குடும்பம் நடந்தது.

இந்த மாதத்தோடு நின்றுகொள்வதாக ஆந்தை கிடங்கில் சொல்லிவிட்டான். மனைவியிடம் சொல்லவில்லை. கொஞ்ச நாளாக வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வராமல் இந்தப் பாதையில் நடந்துவிட்டு வருகிறான் என்பதையும் சொல்லவில்லை. பாதையின் கடைசியில் கைவிடப்பட்ட ஸ்டேஷன் இருந்தது. அதன் மாடி வீட்டில் குடியிருந்து, காலையில் பாதையின் இரும்புக் கதவைத் திறந்து மாலையில் பூட்ட நகராட்சிக்கு ஒரு தம்பதி தேவைப்பட்டது. இப்போது அந்த வேலையைப் பார்க்கும் சாவிக்காரம்மா மகள் வீட்டோடு போகப் போகிறாள். ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அவளுடையது. ஆந்தை பெயர் கொடுத்துவிட்டான்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் பிடிக்கணும் தம்பி. ஒருத்தர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா இங்க காலம் தள்ள முடியாது," என்றாள் அவள். "இன்னொண்ணு. உங்களுக்கு முன்னாடி ஒருத்தங்க கேட்டு வச்சிருக்காங்க. பாத்துக்கட்டும்னு ஒரு சாவிகூடக் குடுத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வந்து முடிவு சொல்றேன்னாங்க. அவங்க வேண்டாம்னாத்தான் உங்களுக்கு."

ஆக, ஆந்தைக்கு அன்று இரண்டு வேலை. மனைவிக்கு இடத்தைப் பிடிக்க வைக்க வேண்டும். முந்திக்கொண்ட அந்த ஆளுக்குப் பிடிக்காமல் செய்ய வேண்டும்.

முதல் வேலையே சுலபமில்லை. காரணம் மணல். எவ்வளவு உதறிவிட்டு வந்தாலும் வீட்டில் மணல் குறைந்தபாடில்லை. ஆந்தை திருட்டுத்தனமாகப் பெருக்கித் தள்ளுவான். தூங்கி எழுந்தால் மறுபடி கிடக்கும். ஒருநாள் மனைவியே கேட்டாள்.

"ஏங்க, வீட்டுக்குள்ள எப்படி இவ்வளவு மணல்?"

மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பதற்றத்தில், "என்னைக் கேட்டா? எனக்கு மணலே ஆகாது. கடல் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கமாட்டேன்," என்று சொல்லிவைத்தான். அவள் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று அவன் யோசிக்கவில்லை. அதன்பிறகு 'கடற்கரைக்குப் போவோமா' என்று கேட்க அவனுக்கு வாயே வரவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ஒருவழியாக ஆரம்பித்தபோது, அவன் முடிப்பதற்குள் அவள் "சரி, ஞாயித்துக்கிழமை போலாம்," என்றாள். நல்ல நேரம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தான்.

நடக்க ஆரம்பித்தார்கள்.

அந்தப் பாதையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதைப் போட்டவனுக்குக் கொஞ்சம் கிறுக்கு இருந்திருக்க வேண்டும். ரயிலை ஊருக்குள் கொண்டுபோகாமல், கடலை விட்டுப் பிரிய மனமில்லாதவன் போல, அலை எட்டாத உயரத்தில் கரை ஓரமாகவே கொண்டுபோயிருந்தான். கரை வளைந்த இடத்தில் எல்லாம் அவனும் வளைந்திருந்தான். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்; மணல் விழுங்கிய இடங்களில் மட்டும் அங்கங்கே மிச்சம் தெரிந்தது. வலப்பக்கம் நகரத்தின் கொல்லைப்புறம்: காயும் துணிகள், தண்ணீர்த் தொட்டிகள், யாரோ பல் விளக்கும் சன்னல்கள். இடப்பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகக் கடற்கரைகள். முதலாவது எல்லோருக்குமானது, பந்தும் கூச்சலுமாக. அடுத்ததில் மணலே இல்லை, கூழாங்கல் மட்டும். அலை பின்வாங்கும்போதெல்லாம் அத்தனை கல்லும் ஒன்றோடொன்று உரசி, பெரிய கூட்டம் ஒன்று மெதுவாகக் கைதட்டுவதுபோல் ஒலித்தது. வருடக்கணக்கில் கிடங்கின் மோட்டார் இரைச்சலைக் கேட்ட காதுக்கு அது போதும் என்றிருந்தது.

"கேட்டியா?" என்றான் மனைவியிடம்.

"ம்," என்றாள். கண் கல்லின் மேலேயே இருந்தது.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். முன்னால் யார் நடந்தாலும், பள்ளம் தெரிந்தால் இவர் வலது கால் தானாகத் தரையைப் பிரேக் போல அழுத்தும். ஓடை முகத்தில் இருந்த இரும்புப் பாலத்தில் அவர் அழுத்திய அழுத்தில் பாலமே நின்றுவிடும்போல் இருந்தது.

"பாத்து, பாத்து. ஸ்லோ. நடுவுல பலகை இல்ல."

மனைவி பலகை இல்லாத இடத்தைக் கீழே பார்க்காமலே தாண்டினாள். அவள் கைப்பைக்குள் ஏதோ கிலுங்கியது. அவளுடைய துணிச்சலை ஆந்தை மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

பாலத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஓர் ஆள் வந்து சேர்ந்தார். தோளில் கனமான பை, இடுப்பில் அளவு டேப்.

"ஸ்டேஷன் வீட்டுக்கு இப்படித்தானே போகணும் சார்?"

ஆந்தை நடையை நிறுத்தினான். "எதுக்கு?"

"பாத்து அளவெடுக்கணும். புதுசாக் குடி வரப் போறாங்களே."

வந்துவிட்டான் முதல் ஆள். டேப்போடு வந்துவிட்டான்.

"அந்த வீடா?" என்றான் ஆந்தை. "மழை வந்தா வெளியில நிக்கறவன் கம்மியா நனைவான். அப்படி ஒழுகும்."

முன்னால் போன மனைவி நின்று திரும்பினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கிடங்குல... சொன்னாங்க."

"கிடங்குல ஸ்டேஷன் வீட்டைப் பத்தியா பேசறாங்க?"

"லாரி டிரைவருங்க எல்லாத்தையும் பேசுவாங்க," என்றான். அவள் பக்கத்தில் போய் அவசரமாக, "ஆனா காத்து நல்லா வருமாம்," என்றும் சேர்த்துக்கொண்டான்.

"காத்தா?" என்றார் டேப்காரர்.

ஆந்தை அவர் பக்கம் ஓடினான். "காத்து இல்லைங்க, சூறாவளி."

"ஒழுகுதா, காத்து வருதா, சூறாவளியா? ஒரு கியர்ல போங்க மாப்பிள்ளை," என்றார் அண்ணன்.

மூன்றாவது கடற்கரையில் மனிதர்கள் இல்லை. ஈர மணலில் பறவைகள், தங்கள் நிழலோடு சேர்த்து இரண்டிரண்டாக, அலை வந்தால் ஓடி, அலை போனால் திரும்பி வந்தன. எல்லோருடைய நடையும் மெதுவானது. குடைகூட மடங்கியது. அண்ணனே, "ஹார்ன் அடிக்காம இருந்தா ஊர் இப்படித்தான் இருக்கும்போல," என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வந்து ஆந்தை கேட்டதே இல்லை. மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பறவைகளுக்கு வழிவிட்டு ஓரமாக நடந்தாள். அவள் தோளிலிருந்து இஸ்திரிப் பெட்டியின் கனம் இறங்கிவிட்டதுபோல் இருந்தது. பாதி ஜெயித்தாயிற்று என்று ஆந்தை நினைத்தான்.

"அருமையான இடம் சார்," என்றார் டேப்காரர். "இங்க குடி வர்றவங்க குடுத்து வச்சவங்க."

மீதிப் பாதியை இந்த ஆள் தட்டிக்கொண்டு போய்விடுவான் போலிருந்தது.

எதிரே மலைமூக்கைக் குடைந்து ரயில் போன குகைப்பாதை. உள்ளே நல்ல இருட்டு. மனைவி பைக்குள் கைவிட்டுப் பச்சை நிற டார்ச் ஒன்றை எடுத்து, அண்ணனை அழைத்துக்கொண்டு முன்னே போனாள். பெண்கள் கைப்பையில் என்னதான் இருக்காது என்று வியந்தபடி ஆந்தை வேண்டுமென்றே பின்தங்கினான். டேப்காரரின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணே, உங்களைப் பாத்தா நல்ல மனுஷனாத் தெரியுது. அதனால சொல்றேன். உப்புக் காத்துல இரும்பு நிக்காது. பூட்டு, கீல், ஆணி எல்லாம் உதிர்ந்துடும்."

"அப்படியா?"

"பாம்பு வரும். நண்டு படியேறி வரும். ராத்திரி பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. காசு குடுத்தாலும் நான் இங்க ஒருநாள் இருக்கமாட்டேன்."

"நல்லவேளை சொன்னீங்க சார். அதுக்குத் தகுந்த மாதிரி செஞ்சுடறேன்."

ஆந்தை நிம்மதியாக மூச்சு விட்டான். அந்த மூச்சும் குகை முழுக்கக் கேட்டது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கல் வளைவு அவன் ரகசியத்தை ஒரு சொல்கூடச் சிந்தாமல் அடுத்த முனைக்குக் கொண்டுபோயிருந்தது. தூரத்தில் டார்ச் வெளிச்சம் அசையாமல் நின்றது. கடைசி வார்த்தை மட்டும் இன்னும் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது: இருக்கமாட்டேன், மாட்டேன், டேன்.

"மாப்பிள்ளை இன்னைக்குத்தான் அறிவோட பேசியிருக்காரு," என்று இருட்டுக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது.

குகையை விட்டு வெளியே வந்தால் ஸ்டேஷன். முதன்முதலில் பார்க்கிற யாரும் அங்கே ஒரு நிமிடம் வாயடைத்து நிற்பார்கள். இருபுறமும் பாறை, நடுவில் உள்ளங்கை அளவு கடற்கரை, அதற்கு நேர்மேலே ஒற்றை பிளாட்பாரம். ரயிலுக்காகப் போட்ட சிமெண்ட் பெஞ்சுகள் எல்லாம் கடலைப் பார்த்திருந்தன. மாடி வீட்டின் சன்னல்களில் மாலை வெயில் அடித்து, உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பதுபோல் தெரிந்தது. ஆந்தை எத்தனையோ காலைகளில் பார்த்த இடம். சாயங்காலத்தில் இப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியாது.

மனைவி வாயடைத்து நிற்கவில்லை. "தண்ணி குடிச்சுட்டு வரேன்," என்று நேராக ஸ்டேஷன் கட்டடத்துக்குள் போனாள். வாசற்படியில் செருப்பை இரண்டு தட்டுத் தட்டி மணலை உதறினாள், தினமும் வந்துபோகிறவள் மாதிரி. டேப்காரரும் பையோடு அந்தப் பக்கம் நகர்ந்தார்.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. பெஞ்சில் அண்ணனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு இடம்?" என்று ஆந்தை மெதுவாகக் கேட்டான்.

"அதான் நீங்களே சொல்லிட்டீங்களே. ஒழுகும். பாம்பு வரும். நண்டு வரும்."

"அது வந்து... சும்மா சொன்னது."

"சும்மா சொன்னா அவ்வளவு சத்தமாவா வரும்?" என்றாள். "விடுங்க. ஒருநாள்கூட இருக்கமாட்டேன்னு சொன்ன இடத்துல எதுக்கு உக்காந்துக்கிட்டு. இருட்டறதுக்குள்ள போலாம்."

அவ்வளவுதான். தன் வாயாலேயே கெடுத்தாயிற்று. அந்த ஆளை விரட்டப் போய் இவளை விரட்டிவிட்டோம் என்று ஆந்தைக்குப் புரிந்தது. பிடிக்காதவளை இழுத்துக்கொண்டு வந்து இந்த மாடியில் அடைப்பதைவிட, பெட்டி அடுக்கிச் சாவது மேல். கிடங்கு மேனேஜரின் காலைப் பிடித்தால் வேலையைத் திருப்பிக் கொடுப்பார். சாவிக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று எழுந்தான்.

"எங்க மாப்பிள்ளை, யூ டர்ன்?"

"இதோ வந்துடறேன் மச்சான்."

வாசலில் டேப்காரர் மண்டியிட்டு உட்கார்ந்து, கதவில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"பூட்டு மாத்தறேன். அதுக்குத்தானே வந்தேன்."

"வீடு பாக்க வரலியா நீங்க? குடி வரப்போறது நீங்க இல்லையா?"

"எனக்கு எதுக்கு சார் இந்த வீடு? மூணு பிள்ளைங்க, ஒரு மாமியார். இரும்புப் பூட்டுதான் போடறதா இருந்தேன். நீங்க உப்புக் காத்துன்னு சொன்னீங்களா, பையில இருந்த பித்தளையையே போட்டுட்டேன்."

ஆந்தை அவரைத் தாண்டி உள்ளே போனான். இவன் வெறும் பூட்டுக்காரன் என்றால் அந்த முதல் ஆள் யார்? யாராக இருந்தால் என்ன, நன்றாக இருக்கட்டும். சாவிக்காரம்மா பழைய டிக்கெட் சன்னலுக்குப் பின்னால் தன் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு வேண்டாம்," என்றான். "எனக்கு இந்த இடம் உசிரு. ஆனா வீட்டுல அவளுக்குப் பிடிக்கல. அந்த முதல் ஆளுக்கே குடுத்துடுங்க."

சாவிக்காரம்மா மூட்டையை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

"நல்ல கூத்து தம்பி. அந்தப் பொண்ணும் இப்பத்தான் சாவியைத் திருப்பிக் குடுத்துட்டு, கொண்டுவந்த டார்ச்சையும் மறந்துட்டுப் போகுது. அது வீட்டுக்காரருக்கு மணலே ஆகாதாம்."

மேசைமேல் சாவிக்குப் பக்கத்தில் பச்சை நிற டார்ச் கிடந்தது. அதை எடுக்கத் திரும்பி வந்த ஆந்தையின் மனைவி, வாசற்படிக்கு உள்ளே ஓரடி வைத்து அப்படியே நின்றாள்.

"கொஞ்சம் உள்ள தள்ளிக்குங்கம்மா, பூட்டு சரியா விழுதான்னு பாக்கணும்," என்று சொல்லி, பூட்டுக்காரர் அவள் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.