பரவாயில்லைக்காரர் பளு தூக்குகிறார்

டாக்டரிடம் நேரம் கேட்டு வாங்கி, காத்திருந்து, உள்ளே போய் உட்கார்ந்து, அவர் "என்ன செய்யுது?" என்று கேட்டதும், "ஒன்றும் செய்யவில்லையே" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து பணத்தையும் கட்டிவிட்டுப் போகிற மனிதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூக்கு உடைந்தாலும் பரவாயில்லை, முதுகு உடைந்தாலும் பரவாயில்லை. அதனால் இந்த இனத்துக்கு நான் 'பரவாயில்லைக்காரர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலியக் கடற்கரையில் இருக்கும் எங்கள் யெப்பூனில் இவர்கள் ஏராளம். கடல் காற்று ஒத்துக்கொள்கிறது போலிருக்கிறது. ஒருமுறை புயல் வந்து கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது, என் தெருக்காரர் ஒருவர் வரவேற்பறை நடுவில் நின்று வானத்தைப் பார்த்து, "பரவாயில்லை, இப்பதான் வெளிச்சமே வருது" என்றார்.

இவர்களை நிம்மதியாகக் கவனிக்க வேண்டுமானால் இரும்புக் கடைக்குப் பின்னால் இருக்கும் டெஸ்ஸாவின் தகரக் கொட்டகைக்கு வர வேண்டும். டெஸ்ஸா எங்களைப் போன்ற வயதானவர்களுக்குப் பளு தூக்கக் கற்றுக்கொடுக்கிறாள். இந்த வயதில் எதற்குப் பளு என்று கேட்காதீர்கள். மளிகைப் பை என்ன, கேஸ் சிலிண்டர் என்ன, நம் உடம்பே என்ன, எல்லாம் பளுதானே? அவளுடைய முறையில் மாயம் எதுவும் இல்லை. குறைவாக ஆரம்பி, மெதுவாக ஏற்று, மூச்சைப் பிடிக்காதே, சுருக்கென்று வலித்தால் உடனே சொல். ஒவ்வொரு தடவை தூக்கிய பிறகும் வந்து கேட்பாள்: "எப்படி இருக்கு?" பாவம், இந்தக் கடைசிக் கேள்வியை நம்பித்தான் அவள் தொழிலே நடத்துகிறாள்.

பரவாயில்லைக்காரர் அதற்குப் பதில் சொல்வாரா? நல்லாச் சொன்னீர்கள்! அவர் எல்லோருக்கும் முன்னாலேயே வந்துவிடுவார், காரிலிருந்து இறங்குவதற்கு அவர் படும் பாட்டை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக. மூச்சு வாங்கினால் குனிந்து காலணி நாடாவைக் கட்டுவார். நாடா இல்லாத காலணியாக இருந்தாலும் கட்டுவார். உடம்பெல்லாம் தைல வாசனை அடித்தால், "நாய்க்குத் தடவிவிட்டேன்" என்பார். 'வலி' என்ற சொல் அவர் வாயில் வரவே வராது; லேசாகப் பிடித்திருக்கிறது, கொஞ்சம் இழுக்கிறது, அங்கே ஏதோ முணுமுணுக்கிறது, அவ்வளவுதான். டெஸ்ஸா எடையைக் குறைத்தால் அவருக்குப் பரம்பரை மானமே போய்விட்டதாக அர்த்தம். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் குறைத்த எடையைச் சத்தமில்லாமல் மறுபடி மாட்டிக்கொள்வார். காசு கொடுத்து ஒரு ஆளை அமர்த்தி, அந்த ஆளிடமிருந்தே உடம்பை ஒளித்துவைக்கும் சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும்?

இந்த இனத்தின் முழு லட்சணமும் பொருந்தியவர் எரல் டிரான்டர். நிலக்கரி ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் கொட்டகைக்கு வந்த முதல் நாள் நானும் அங்கே இருந்தேன்.

"எதுக்காக உடம்பைத் தேத்தணும்னு நினைக்கிறீங்க, எரல்?" என்று டெஸ்ஸா கேட்டாள்.

"படகும்மா. என் தகரப் படகைத் தண்ணியிலேர்ந்து மணலுக்கு இழுக்கணும். முன்ன மாதிரி வரலை."

"சரி. எங்கயாவது வலி இருக்கா?"

எரல் தன் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கேட்கிறாள் என்பது போல. "எனக்கா?" என்றார்.

டெஸ்ஸாவும் அவர் சொன்னதை நம்பிக் கயிற்றை இழுக்க வைத்தாள், துடுப்பு வலிப்பது போல இழுக்க வைத்தாள், படகுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் செய்ய வைத்தாள். அந்தப் படகை எரல் விற்று வருஷக்கணக்காகிறது என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் வாங்கியவனே நான்தான். அப்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? ஒரு மனிதன் தன் படகைப் பற்றியோ தான் பிடித்த மீனைப் பற்றியோ பேசும்போது குறுக்கே புகுந்து உண்மையைச் சொல்வது எங்கள் கடற்கரையில் மரியாதை இல்லை.

உண்மையான காரணம் படகல்ல, அவர் மனைவி கிளெனிஸ். அவளுக்கு நடுக்குவாதம். நன்றாக நடந்துகொண்டே இருப்பாள், திடீரென்று கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், விழுந்துவிடுவாள். எரல் பின்னாலிருந்து அவள் அக்குளுக்குள் கையைக் கொடுத்து அப்படியே தூக்கி நிறுத்துவார். பக்கத்து நகரமான ராக்காம்ப்டனிலிருந்து வரும் நர்ஸ் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "இப்படியே எத்தனை நாளைக்கு? உங்களால முடியாம போச்சுன்னா, இவங்களை முதியோர் இல்லத்துல சேர்க்கிறதைப் பத்தி யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த இல்லத்தை நானும் பார்த்திருக்கிறேன். நல்ல சாப்பாடு, நல்ல தோட்டம், ஜன்னலுக்கு ஜன்னல் பூச்செடி. எரலுக்குத்தான் அங்கே இடமில்லை. அந்த மனிதர் பயந்துபோனார். பயம் என்று சொல்லாமல் படகு என்று சொன்னார்.

கொட்டகையில் பயிற்சி முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும் உண்டு. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐவி பெட்டிட்டுக்கு அந்த நேரம்தான் உண்மையான உடற்பயிற்சி, நாக்குக்கு. ஒருநாள் எரல் கோப்பையை எடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா எரல், எப்பலேர்ந்து இடதுகைக்காரன் ஆனே?"

"அந்தக் கைக்கும் வேலை கொடுக்கணும்ல?"

"ஏன், வலது கை லீவுல போயிருக்கா?"

"ஐவி, நீ பிஸ்கட்டைச் சாப்பிடு."

டெஸ்ஸா காதில் இது விழுந்துவிட்டது. "தோள்ல வலிக்குதா எரல்?" என்று பக்கத்தில் வந்தாள்.

"சேச்சே. ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்தேன், கொஞ்சம் பிடிச்சிருக்கு. பரவாயில்லை."

அவள் அவரை நம்பவில்லை, ஆனால் நம்பாமல் என்ன செய்வாள்? சட்டையைக் கழற்றிப் பார்க்கவா முடியும்? எடையைக் குறைத்தாள். அவள் ஐவியைக் கவனிக்கப் போன நேரத்தில் எரல் அதைக் கூட்டிக்கொண்டார்.

பரவாயில்லைக்காரர் ஒருநாளும் வகுப்புக்கு மட்டம் போட மாட்டார். வராவிட்டால் ஏதோ இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே! ஆகவே ஒரு வியாழக்கிழமை எரலைக் காணோம் என்றதும் டெஸ்ஸா உடனே அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். இரும்பைக் கையில் வைத்துக்கொண்டே எங்களுக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். கிளெனிஸ் எடுத்தாள்.

"நல்லா இருக்கோம் கண்ணு. சும்மா அடுப்படியில தரையில உக்காந்திருக்கோம்."

"தரையிலயா? ரெண்டு பேருமா?"

"ஆமா. குளுகுளுன்னு இருக்கு."

"எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க?"

பின்னாலிருந்து எரல் குரல் கேட்டது: "இப்பதான்னு சொல்லு."

"இப்பதான்" என்றாள் கிளெனிஸ். பிறகு கொஞ்சம் தயங்கி, "விடிஞ்சதிலேர்ந்து" என்றாள்.

"போன் கையிலதானே இருக்கு? யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே!"

"எல்லாருக்கும் அவங்கவங்க வேலை இருக்கும். எதுக்குத் தொந்தரவுன்னுதான்."

டெஸ்ஸா இரும்பைக் கீழே வைத்துவிட்டுக் காரைக் கிளப்பினாள். நான் பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் ஏறினேன். ஐவி எந்த உரிமையும் இல்லாமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

போய்ப் பார்த்தால், இரண்டு பேரும் குளிர்பதனப் பெட்டியில் சாய்ந்துகொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் நாய் படுத்திருக்கிறது. துடைப்பக் கம்பால் மேஜையிலிருந்து தள்ளி விழவைத்த பிஸ்கட் டின் பக்கத்தில் திறந்திருக்கிறது. எரலின் வலது கை மடியில் யாருடைய கையோ போலக் கிடந்தது.

"வாங்க, வாங்க. டீ போடுறேன்" என்றார் எரல், ஓர் அங்குலம்கூட அசையாமல்.

நான் தூக்கிவிடலாம் என்று குனிந்தேன். டெஸ்ஸா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யாரும் யாரையும் தூக்கக் கூடாது" என்றாள். முட்டி போட்டு உட்கார்ந்து, "தலையில அடிபட்டுச்சா? இடுப்பு வலிக்குதா? எங்கயாவது வலி இருக்கா?" என்று இருவரையும் கேட்டாள்.

"இல்லையே" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

"ரெண்டு பேரும் பொய் சொல்ற அழகைப் பாரு" என்றாள் ஐவி. "உங்களுக்குச் சாவு வந்தாக்கூட, 'உக்காரு, டீ சாப்பிட்டுப் போ'ன்னு சொல்லுவீங்க."

கிளெனிஸ் சிரித்தாள். எரல் சிரிக்கவில்லை.

"தோள் போச்சு டெஸ்ஸா" என்றார். "ரொம்ப நாளாவே போச்சு. இவளைத் தூக்கித் தூக்கித்தான். இன்னைக்குத் தூக்கினேன், உள்ள ஏதோ கிழிஞ்ச மாதிரி ஆச்சு, நானும் விழுந்துட்டேன்."

"அப்ப படகு?"

"படகு அவன்கிட்ட இருக்கு" என்று எரல் மோவாயால் என்னைக் காட்டினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாய் உட்பட.

"ஏன் எரல் சொல்லலை?"

"சொன்னா நீ நர்ஸ்கிட்ட சொல்லுவே. இவளைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் இந்த வீட்டுல நான் மட்டும் என்னம்மா பண்ணுவேன்?"

கிளெனிஸ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இவர் தோட்டத்துல இருக்கிறப்ப நான் விழுந்தா கூப்பிடுறதே இல்லை. தோள்தான் போகுதுன்னு எனக்குத் தெரியாதா? அங்கேயே படுத்துக்குவேன். கேட்டா, கட்டிலுக்கு அடியில செருப்பு தேடினேன்னு சொல்லிடுவேன்."

எரல் அவளைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்கு வரவில்லை.

டெஸ்ஸா எழுந்துபோய் ஒரு சமையலறை நாற்காலியை இழுத்துக்கொண்டுவந்து கிளெனிஸின் முன்னால் போட்டு, அது நகராமல் என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு பக்கமாகப் புரளுங்கள், இப்போது கையையும் முழங்காலையும் ஊன்றுங்கள், நாற்காலிவரை தவழுங்கள், இரண்டு கையையும் அதன்மேல் வையுங்கள், பலமான காலை முன்னால் கொண்டுவாருங்கள், அவசரமில்லை, மூச்சு விடுங்கள், இப்போது எழுந்திருங்கள். டெஸ்ஸாவின் கைகள் அவளைச் சுற்றியே இருந்தன, ஆனால் தொடவில்லை. கிளெனிஸ் நடுங்கிக்கொண்டே, நின்று நின்று, ஒரு வழியாக எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்வளவுதானா?" என்றார் எரல்.

"அவ்வளவுதான். காலுக்கு பலம் வேணும், பழகணும். முதல் நாளே சொல்லியிருந்தா முதல் நாளே ஆரம்பிச்சிருப்பேன். நீங்க படகுன்னீங்க, நான் கயித்தை இழுக்க வெச்சேன்."

அடுத்து அவர் முறை. மாதக்கணக்கில் இரும்பு தூக்கியவருக்குத் தரையிலிருந்து எழத் தெரியவில்லை. பழக்க தோஷத்தில் வலது கையை ஊன்றப் போனார். "அந்தக் கையை ஊனாதீங்க. மொதல்ல புரளுங்க. அவசரம் வேணாம்" என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி கிளெனிஸ் அதிகாரம் பண்ணினாள். ஐந்து நிமிஷ சீனியாரிட்டி!

எரலின் தோளில் தசைநார் கிழிந்திருந்தது. அந்தக் கை இனி அலமாரியின் மேல்தட்டை எட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சீக்கிரம் வந்திருந்தால் சரிபண்ணியிருக்கலாமாம். நர்ஸிடம் ஒளிக்கவில்லை, டெஸ்ஸாவை அருகில் வைத்துக்கொண்டு அவர்களே எல்லாவற்றையும் சொன்னார்கள். சொன்னதோடு நிற்காமல் கிளெனிஸ் மெல்லத் தரையில் இறங்கி, நாற்காலியைப் பிடித்துத் தானே எழுந்தும் காட்டினாள். நர்ஸ் பார்த்தாள், யோசித்தாள், குளியலறையில் கைப்பிடி போடச் சொன்னாள், உதவிக்கு ஒரு ஆளுக்கு ஏற்பாடு செய்தாள், "இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்" என்றாள். அந்த 'இப்போதைக்கு'வை எரல் கைகூப்பாத குறையாக வாங்கிக்கொண்டார்.

இப்போது கிளெனிஸும் கொட்டகைக்கு வருகிறாள். எரலோ திருந்திவிட்டார். திருந்தியது கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது.

"எப்படி இருக்கு எரல்?" என்று டெஸ்ஸா கேட்டால் போதும்.

"கால் கட்டைவிரல்லேர்ந்து ஆரம்பிக்கவா?" என்று அவர் உட்கார்ந்துகொள்கிறார்.

"ஐயோ, படகே தேவலை" என்கிறாள் ஐவி.

எங்கேயோ யெப்பூனாம், எவரோ எரலாம் என்று நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிகிறது. நல்லது. போன வாரம் உங்கள் மகள் போனில் "கால் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டபோது, பேரனுடைய பரீட்சையைப் பற்றித் திடீரென்று அவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது உங்களுக்கு? குளிக்கப் போகும்போது சுவரைத் தடவிக்கொண்டே போகிறீர்களே, சுவர் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கவா? கோபம் வருகிறதா? வரட்டும், எழுந்து வந்து என்னை இரண்டு திட்டுத் திட்டுங்கள். ஆனால் எழும்போது எதன்மேலும் கையை ஊன்றக் கூடாது.