ஊரார் பிள்ளையை வளர்ப்பவர்

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்லிவைத்துப் போனார்கள். அதில் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்ட ஓர் இனம் நம்மிடையே உண்டு. ஊட்டுகிற பகுதி அவர்களுக்கு மறந்துவிட்டது. ஊரார் பிள்ளை என்பது மட்டும் நன்றாக ஞாபகம்.

நீங்கள் கண்டிருப்பீர்கள். பஸ்ஸில் உங்கள் குழந்தை அழத் தொடங்கினால் பின் இருக்கையிலிருந்து ஒரு தலை முளைத்து, "பசி போல" என்னும். பால் கொடுத்தால், "கூடக் குடுத்திட்டீங்க" என்னும். குழந்தை தூங்கிவிட்டால், இந்த நேரத்தில் தூங்கினால் இரவில் யார் விழித்திருப்பது என்று கேட்கும். விழித்திருக்கப் போவது அந்தத் தலை அல்ல. ஆனால் கேட்கும்.

எந்த இனத்தையும் விளக்க ஒரு மாதிரி வேண்டுமல்லவா? நம்முடைய மாதிரி, பாலாவிச் சந்தியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் இஸ்ஹாக். அவருக்கு ஒரே மகள். அவள் எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் தவறினாள் என்று யாராவது கேட்டால் அவர் மனைவி பளீலாவின் முகத்தைப் பார்ப்பார். பளீலா பதில் சொல்லுவாள். அப்படி அந்தப் பிள்ளை வளர்ந்து, கல்யாணம் முடித்து, கட்டாருக்கும் போய்விட்டது. அதனால் இஸ்ஹாக்குக்குக் கை ஓய்வு. தம்பி றஸீனின் மூன்று ஆண்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, ஏற்றுக்கொண்டார்.

வளர்ப்பது என்றால் இப்படி. அந்திக்கு முன் வருவார். றஸீனின் மனைவி ஸும்றா கதிரையைத் துடைத்துப் போடுவாள். உட்காரமாட்டார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார், வாசலுக்குப் போவார், தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பார், திரும்பி வந்து மறுபடி கதிரையைப் பிடிப்பார். பிறகு:

"நான் ஒண்டு செல்றன், கோவிக்கப் படாது."

கோவிக்கக் கூடாது என்று தொடங்கும் வாக்கியம் எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியாதா?

அது எப்போதும் நடுப்பிள்ளை ஃபாஹிமில் போய் முடியும். மூத்தவன் அஃப்ராஸ் சொன்னதைக் கேட்பவன். கடைக்குட்டி இன்னும் சொல்லக் கேட்கும் வயதுக்கு வரவில்லை. ஃபாஹிமுக்கு ஏழு வயது. காலையில் அவன் கண் விழிப்பதற்கு முன் கால் விழித்துவிடும். ஒரு காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மற்றதைத் தேடிப் போவான். போகிற வழியில் ஒரு எறும்பைக் காண்பான். எறும்பின் பின்னால் போய், பக்கத்து வீட்டு யூஜீனியா அக்காவின் கோழிக்கூட்டைத் திறந்து, கோழிகளை எண்ணி, ஒன்று குறைகிறது என்று கண்டுபிடித்து, அதைத் தேடி உப்பு வயல் வரம்பு வரைக்கும் போய், கோழியோடு திரும்பி வருவான். சப்பாத்து வராது. பாடசாலை வேனும் நிற்காது.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டர் அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னார். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும் உடம்பைச் சும்மா வைத்திருப்பதும் இந்தப் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளை விடக் கஷ்டம். குழப்படி அல்ல, வளர்ப்பின் பிழையும் அல்ல என்றார். வளர்ப்பின் பிழையல்ல என்ற இடத்தில் ஸும்றா அழுதுவிட்டாள். கனகாலத்துக்குப் பிறகு ஒருவர் அவளிடம் சொன்ன நல்ல வார்த்தை அது. அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தாள். அந்திக்கு முன் இஸ்ஹாக் வந்தார்.

"நாலெழுத்தா? எங்கட காலத்துல இதுக்கு ரெண்டெழுத்துத்தான். அடி."

அன்றிலிருந்து வைத்தியம் தொடங்கியது. சீனியை நிறுத்தச் சொன்னார், சீனி நின்றது. போனைப் பறிக்கச் சொன்னார். வீட்டில் இருந்தது ஒரே போன், அது றஸீனோடு உப்பு லொறியில் போய்விடுவது என்று சொன்ன பிறகும் பறிக்கச் சொன்னார். மொட்டை அடித்தால் சூடு இறங்கும் என்றார். இறால் கொடுத்தால் கூடும், நெத்தலி கொடுத்தால் குறையும், வண்ணாத்திவில்லுவில் ஒரு மனிசனுடைய மகனுக்கு இப்படித்தான் இருந்து பெயரை மாற்றினதும் ஆள் இப்போது பாங்கில் வேலை என்றார். புதுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவானா மாட்டானா என்று அவருக்குக் கவலை இல்லை. ஃபாஹிம் இருக்கிற பெயருக்கே வருவதில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்து வாசலில் செருப்பைப் போடும்போது கடைசி மருந்து:

"எங்கட பரம்பரையில இப்பிடி ஒருத்தரும் இல்ல. இது உங்கட பக்கத்தால வந்த சாமான்."

றஸீன் நல்ல மனிதர். அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்; நானா பேசும்போது லொறியின் டயரைக் குனிந்து பார்ப்பார். அந்த டயர்களைப் போலக் கவனிக்கப்பட்ட டயர்கள் புத்தளம் மாவட்டத்தில் வேறு இல்லை.

இந்த இடத்தில் இஸ்ஹாக்கின் கடையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் ஒரு சுழல் கதிரை இருக்கிறது. வாங்கி மூன்று வருடம். பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியவில்லை. அவரைக் காண வேண்டுமென்றால் கடைக்குள் தேடக் கூடாது. சந்தியில் லொறிகளுக்குப் பின்னால் நின்று, யாரும் கேளாமல், சரி என்பதைச் சிங்களத்தில், "ஹரி, ஹரி, இன்னம் வரட்டும்" என்று கை காட்டிக்கொண்டிருப்பார். இதை ஊரார் சுறுசுறுப்பு என்பார்கள். அதே சாமான் ஏழு வயதில் இருந்தால் வைத்தியம் பார்க்க வேண்டிய வருத்தம். ஐம்பத்தேழில் இருந்தால் சுறுசுறுப்பு.

போன பெருநாளன்று ஃபாஹிம் இஸ்ஹாக்கின் வீட்டில் தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோனான். தொட்டி நிரம்பி, சீலிங் நனைந்து, புதுப் பெயின்ற் சுவரில் பழுப்பாக ஒரு தேசப்படம் விழுந்தது. அதோடு தீர்ப்பு எழுதப்பட்டது: இந்தப் பிள்ளையை எங்கும் கூட்டிப் போகக் கூடாது. பிள்ளை போகாவிட்டால் தாய் எப்படிப் போவாள்? அந்த வருடம் நடந்த கல்யாணங்களின் சோறெல்லாம் ஸும்றாவுக்குப் பார்சலில் வந்தது. ஆறிய சோற்றை அவிழ்த்துக்கொண்டு, யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று அஃப்ராஸிடம் கேட்பாள். "உடுப்பு உடுத்திருந்தாங்க உம்மா" என்பான் அவன்.

பிறகு அவளுடைய ஒரே தம்பி முபாறக்குக்குக் கல்யாணம் வந்தது. மதுரங்குளியில் பெண். இஸ்ஹாக் வந்து கதிரையைப் பிடித்தார்.

"அவன யூஜீனியாட்ட விட்டுட்டு வாங்க. சபையில மானம் போகப் படாது."

"என்ட தம்பிட கலியாணத்துக்கு என்ட புள்ள இல்லாம நான் என்னத்துக்கு மச்சான் போற?"

ஸும்றா இப்படி எதிர்த்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை. இஸ்ஹாக் தொட்டியின் மூடியைப் பார்க்கப் போய், திரும்பி வந்தார்.

"சரி. சஹன்ல என்ட பக்கத்துல இருத்துங்க. சோறு முடியிற வரைக்கும் எழும்பாம இருந்தா, பெருநாளைக்கும் என்ட ஊட்டுக்குக் கூட்டி வாங்க. எழும்பினா, ஆள் வளருற வரைக்கும் ஒரு எடத்துக்கும் கூட்டிக்கொண்டு வரப் படாது. கதை சரியா?"

றஸீன் டயரைப் பார்த்தார். ஸும்றா, "ஓம் மச்சான், சரி" என்றாள்.

சஹன் என்றால் நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை: பாயில் வட்டமாக ஆறு பேர், நடுவில் ஒரே தட்டு நிறையச் சோறு, அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் தின்பது. ஸும்றா வீட்டிலேயே சஹன் வைத்தாள். அவளும் மூன்று பிள்ளைகளும் நாலு பேர். ஆள் காணாததற்கு இரண்டு தலையணைகளை உட்காரவைத்தாள். சின்னச் சின்ன விதியாகச் சொல்லுங்கள், முடிவில் பிடித்த ஒன்றைக் கொடுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவள் இரண்டே விதி வைத்தாள், முடிவில் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற வட்டலப்பம்.

"ஆறு பேரும் இருந்தாத்தான் பிஸ்மி சொல்லித் தொடங்குற. ஆறு பேரும் முடிச்சாத்தான் வட்டலப்பம். வெளங்குதா வாப்பா?"

"தலகாணி முடிக்காட்டி?"

"அப்ப வட்டலப்பம் இல்ல."

முதல் நாள் எழும்பினான். இரண்டாம் நாள் முழங்காலில் நின்று தின்றான். அதற்கு அடுத்த நாள் எழும்ப எத்தனித்தவன், பக்கத்துத் தலையணை சாய்வதைக் கண்டு, "டேய், எழும்பாத, வட்டலப்பம் வராது" என்று அதைப் பிடித்து உட்காரவைத்தான். ஸும்றா அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள்.

கல்யாண வீட்டில் ஆண்கள் பந்தலில், பெண்கள் உள்ளே. இடையில் ஒரு திரை. ஸும்றா தன் சஹனில் ஒரு பிடி சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, திரையின் விளிம்பில் கண்ணை வைத்துக்கொண்டு இருந்தாள். தம்பி மாப்பிள்ளைக் கோலத்தில் எப்படி இருந்தான் என்று பின்னாளில் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அவள் பார்த்தது ஒரு முதுகை மட்டும்.

அந்த சஹனில் இஸ்ஹாக், அவர் பக்கத்தில் ஃபாஹிம், பிறகு அஃப்ராஸ், றஸீன், பெண் வீட்டுப் பெரியவர் மீராசாஹிப் ஹாஜியார், சிலாபத்திலிருந்து வந்த யாரோ ஒருவர். ஃபாஹிம் சும்மா இருக்கவில்லை. முழங்கால் ஆடியது. ஒரு காலை மடித்தான், மற்றதை மடித்தான், பாயின் ஓரத்தில் ஈர்க்கு உருவினான். ஆனால் எழும்பவில்லை.

பிஸ்மி சொல்லி இரண்டு வாய்தான். பந்தலுக்கு வெளியே ஒரு வேன் பின்னுக்கு வரும் சத்தம் கேட்டது. இஸ்ஹாக் எழும்பினார். "ஹரி, ஹரி" என்ற குரல் வெளியிலிருந்து வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். போன் அடித்தது, எழும்பினார். வந்தார். அடுத்த சஹனுக்கு இறைச்சி குறைவு என்று கண்டு, கோப்பையோடு எழும்பினார். வந்தார். சமையல்காரருக்கு நெருப்பைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஃபாஹிமின் தோளில் தட்டி, "எழும்பாம இரி, ஆ!" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஃபாஹிம் ஒவ்வொரு தடவையும் அந்த வெற்றிடத்தைப் பார்த்தான். வீட்டுத் தலையணை எவ்வளவோ நல்லது.

சோறு முடிந்தது. வட்டலப்பம் பரிமாறுகிறவர் தட்டங்களோடு வந்தார். இந்த வட்டத்தில் எட்டிப் பார்த்தார்.

"இங்க ஒராள் கொறையுதே. வந்தாப் பொறகு வைக்கிறன்."

அடுத்த சஹனுக்குப் போய்விட்டார்.

திரைக்குப் பின்னால் ஸும்றா கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டாள். அந்த முதுகு நிமிர்வதைக் கண்டாள். "வேணாம் வாப்பா, இரி" என்றாள், தனக்கு மட்டும் கேட்க. ஃபாஹிம் எழும்பினான். பாய்களுக்கு நடுவால், யார் சோற்றையும் மிதிக்காமல், பந்தலைத் தாண்டி ஓடினான். சற்று நேரத்தில் இஸ்ஹாக்கின் இடுப்புச் சாரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"வாங்க பெரியப்பா! நீங்க இல்லாம வட்டலப்பம் தர மாட்டாங்களாம்! எழும்பப் படாதெண்டு தெரியாதா?"

பந்தல் முழுக்கத் திரும்பியது. இஸ்ஹாக் சாரத்தை ஒரு கையால் காப்பாற்றிக்கொண்டு மறுகையை உயர்த்தினார்.

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா எல்லாரும்? எழும்பிட்டான்! நான் செல்லல்லியா?"

மீராசாஹிப் ஹாஜியார் விரலை நக்கிக்கொண்டே, "அவன் ஒருக்கா எழும்பினான் இஸ்ஹாக், ஒன்னத் தேடி. நீ யாரத் தேடி எழும்பின?" என்றார்.

"ஹாஜியார், கதை கதைதான். எழும்பினா பெருநாளைக்குக் கூட்டி வரப் படாதெண்டு பேச்சு. கேட்டுப் பாருங்க புள்ளட உம்மாட்ட!"

அப்போது திரை கொஞ்சம் விலகியது. ஸும்றாவின் முகம் தெரியவில்லை. சோறு ஒட்டிய விரல்கள் தெரிந்தன. குரல் பெரிதாக வரவில்லை. ஆனால் பந்தலில் அப்போது வேறு சத்தமும் இல்லை.

"ஓம் மச்சான், அதுதான் பேச்சு. எழும்பினவங்க பெருநாளைக்கு உங்கட ஊட்டுக்கு வரப் படாது." ஒரு மூச்சு எடுத்தாள். "அப்ப பெருநாளைக்கு நீங்க எங்க போறீங்க?"

முதலில் சிரித்தது உள்ளே. அது பளீலாவின் சிரிப்பு என்று இஸ்ஹாக்குக்கு மட்டும் தெரிந்தது. பிறகு பந்தல் சிரித்தது. றஸீன் குனிந்து பார்க்க அங்கே டயர் இல்லை; வேறு வழியில்லாமல் நானாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்கட பரம்பரைதான் நானா" என்றார்.

இஸ்ஹாக் உட்கார்ந்தார். வட்டலப்பம் வந்தது. அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் அறியவில்லை. வட்டலப்பம் முடிவதற்குள் சிலாபத்துக்காரரிடம் குனிந்து சொன்னார்: "என்ட பக்கத்துல இருத்தினதாலதான் இவ்வளவு நேரம் அடங்கி இருந்தான். எல்லாம் பழக்கிறதுலதான் இரிக்கி."

பெருநாளன்று ஃபாஹிம் அவர் வீட்டுக்குப் போனான். மோட்டர் சுவிச்சின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அதை உரிப்பதில் அவன் வெகுநேரம் ஓரிடத்தில் இருந்தான்.

இனி, உங்களிடம் ஒரு வார்த்தை. கோவிக்கக் கூடாது. இதை வாசிக்கும்போது உங்களுக்கும் ஒரு யோசனை வந்ததல்லவா? அந்தப் பையனைக் கடலில் நீச்சலுக்கு விட்டால் நல்லது, காலையில் முட்டை கொடுத்தால் நல்லது, உங்களுக்குத் தெரிந்த ஒருவருடைய மகனுக்கும் இப்படித்தான் இருந்து... நல்ல எண்ணம்தான். இஸ்ஹாக்குக்கும் அதேதான். ஸும்றாவைக் கண்டால் சொல்லலாம் என்று இருக்கிறீர்கள் என்றால் தாராளமாக வாருங்கள். பாலாவியில் உப்பு லொறி நிற்கிற வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கதிரை துடைத்துப் போடுவாள்.

ஆனால் உட்கார்ந்துகொள்ளுங்கள். எழும்பாதீர்கள். ஃபாஹிம் பார்த்துக்கொண்டிருப்பான்.