பொடிப் பாத்தியும் வெறும் பாத்தியும்

பச்சையாக இருக்க வேண்டிய பாத்தி மஞ்சளாக இருந்தது. மஞ்சளாக இருக்க வேண்டிய பாத்தி, இப்போதுதான் குளித்து வந்தது போலத் தளதளவென்று நின்றது.

கியெம் மரப்பாலத்தின் மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தலைக்கவசத்தோடு ஒரு முறை பார்த்தான். கழற்றிவிட்டு ஒரு முறை பார்த்தான். நிறம் மாறவில்லை.

மணி ஏழு. ஒன்பது மணிக்குத் தேர்வுக் குழு வருகிறது.

முனைவர் பட்டத்துக்காக அவன் பல்கலைக்கழகத்தில் ஏழு வருடம் கழித்திருந்தான். அதில் நாலு வருடம் 'வேர்த்துணை' என்று அவனே பெயர் வைத்த ஒரு பொடிக்குப் போனது. தவிட்டில் நுண்ணுயிரை வளர்த்து, உலர்த்தி, அரைத்த சாம்பல் நிறப் பொடி. பேராசிரியர் தோவான் ஒரு தடவை, அந்தப் பொடி இருந்த தட்டைச் சாம்பல் தட்டு என்று நினைத்துச் சிகரெட்டை அணைத்திருக்கிறார். கெடுவை இரண்டு முறை நீட்டிக் கொடுத்தாகிவிட்டது. இந்த முறையும் சரிப்படாவிட்டால் பட்டம் கிடையாது. சந்தையில் அம்மாவின் துரியன் பழக் கடையில் கத்தி பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.

ஏற்பாடு என்னவோ சுலபமானதுதான். ஐந்தாமண்ணன் வயலில் பக்கத்துப் பக்கமாக இரண்டு பாத்திகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ப் பலகை. பாலத்திலிருந்து பார்த்தால் இடது பக்கம், வாழைப் புதருக்குப் பின்னால், பொடிப் பாத்தி. அதற்குப் பொடி மட்டும். வலது பக்கம், பாலத்து முனையிலேயே, வெறும் பாத்தி. அதற்கு ஒரு சிட்டிகை உரமும் கிடையாது. இரண்டையும் ஒப்பிட்டால் பொடியின் மகிமை தெரியும். முதலாண்டு மாணவர்களின் விடைத்தாள்களில் சிக்கி, நாற்பது நாளாகக் கியெம் இந்தப் பக்கம் வரவில்லை. அந்த நாற்பது நாளில் மகிமை வரப்பு தாண்டிவிட்டது.

"அஞ்சாமண்ணே!"

ஐந்தாமண்ணன் வலைத் தூளியிலிருந்து எழுந்து, கட்டம் போட்ட துண்டை உதறிக்கொண்டு வந்தார். அந்தக் கால்வாய்க்கரையில் பிறந்த வரிசைதான் பெயர். அவருடைய சொந்தப் பெயரை அவரே யோசித்துத்தான் சொல்வார்.

"வாங்க வாத்தியாரே! ஐஸ் காப்பி?"

"அந்த வெறும் பாத்தி ஏண்ணே இப்படி இருக்கு?"

ஐந்தாமண்ணன் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கக் கூடாதுண்ணே! நல்லா இருக்கக் கூடாதுன்னுதானே அத வெச்சிருக்கோம்!"

"அடப் பாவமே" என்றார் ஐந்தாமண்ணன், பாத்திக்காக வருந்தி.

"பொடியப் போட்டீங்களா இல்லையா?"

"எட்டுப் பை. நீங்க சொன்ன நாளு, நீங்க சொன்ன அளவு, நீங்க சொன்ன பாத்தி. எங்கப்பன் சமாதி மேல சத்தியம்." சமாதி வயலுக்கு நடுவிலேயே இருந்ததால், கையை நீட்டிச் சத்தியம் செய்வது அவருக்கு வசதியாக இருந்தது. காலிப் பைகள் எட்டும் துவைக்கப்பட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

அடுக்களை வாசலில் வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்த அவர் மனைவி ஐந்தாமண்ணி தலையை நிமிர்த்தினாள்.

"அவர எதுக்கு விரட்டுறீங்க? அந்தப் பாத்திக்குத் தூவினது நான்தான்."

"அண்ணி! அது சோதனைப் பாத்தி!"

"இருந்துட்டுப் போகட்டும். எம் பொண்ணப் பாக்க மாப்ள வீட்டுக்காரங்க அந்தப் பாலத்து வழியாத்தான் வந்தாங்க. எறங்கினதும் மொதல்ல கண்ணுல படுறது அதுதான். சீக்குக்காரன் மூஞ்சி மாதிரி வெளுத்துக் கெடக்குது. போறவ வர்றவ எல்லாம், 'ஏண்டி, உன் வீட்டுக்காரன் உர மூட்டைய வித்துக் குடிச்சிட்டானா?'ன்னு கேக்குறா. நான் என்ன, பலகையத் தூக்கிக் காட்டி 'இது ஆராய்ச்சி'ன்னு சம்பந்திக்குப் பாடம் எடுக்கவா? வீட்டுல இருந்ததத் தூவி விட்டேன். இருவது வருசம் மிதக்கும் சந்தையில ஆரஞ்சு வித்தவ. நல்ல பழத்த மேல அடுக்கத் தெரியாதா எனக்கு?"

வாத்தின் கடைசி இறகையும் பிடுங்கிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வீட்டில் இருந்தது என்றால் யூரியா. அதைக் கியெமுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெறும் பாத்தி ஏன் பச்சை என்பது புரிந்துவிட்டது. ஆனால் பொடிப் பாத்தி? எட்டுப் பை பொடியைத் தின்றுவிட்டு, ஒன்றுமே தின்னாதது போல வெளுத்து நிற்கிறதே!

பொடியில் ஒன்றுமில்லை. நாலு வருட உழைப்பு, வெறும் தூசி. கியெம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஐந்தாமண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்தார். இருக்கை மாறி உட்காரச் சொல்பவர் போலச் சொன்னார்:

"பலகைய மாத்தி நட்டுட்டா?"

"அது பொய்யண்ணே."

"பொய் சொல்லப்போறது நீங்க இல்லையே. பலகைதானே?"

வேறொரு நாளாக இருந்தால் கியெம் இதற்கு ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பான். இன்று மண்வெட்டி எங்கே என்று கேட்டான். ஐந்து நிமிடத்தில் 'வேர்த்துணை' பலகை பச்சைக்கும், 'வெறும் பாத்தி' பலகை மஞ்சளுக்கும் குடிபோயின.

கையைக் கழுவும்போதுதான் வரைபடம் நினைவுக்கு வந்தது. குழுவில் உள்ள எல்லோர் கையிலும் ஒரு பிரதி இருக்கிறது. 'நுழையும் இடத்திலிருந்து இடது: பொடி. வலது: வெறும்.' கீழே அவன் கையெழுத்து.

"படத்த மாத்த முடியாதுண்ணே. போச்சு!"

"படத்த ஏன் மாத்துறீங்க? ஆளுங்களத் திருப்பி விடுங்க. பாலத்து வழியா வேண்டாம், பின்னால கால்வாய்ல படகுல கூட்டியாங்க. அப்ப எது இடது?"

கியெம் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தான். பச்சை இடது பக்கம் வந்துவிட்டது. இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஏன் நெல் விளைவிக்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது.

படகு, அதே கால்வாயில் வாத்து மேய்க்கும் எட்டாம் சித்தப்பாவுடையது. அதில் முன்னூறு வாத்துகள் இருந்தன.

"பேராசிரியருங்கன்னா வாத்த எறக்கிடுறேன்" என்றார் சித்தப்பா. "ஆனா சும்மா எறக்க மாட்டேன். எனக்கும் பக்கத்துல ஒக்காந்து வேடிக்கை பாக்கணும்."

"பாருங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"நானா? வாயே தொறக்க மாட்டேன்."

குழுவை வந்து ஏறச் சொல்லியிருந்த படித்துறை வரைக்கும் கால்வாய்க்கரையில் முப்பத்தெட்டு வீடுகள். சித்தப்பா முப்பத்தெட்டு வீட்டிலும் படகை நிறுத்தி, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒன்பது மணிக்குப் படகு திரும்பியபோது கரை நெடுகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எவரோ கல்யாணத்துக்கு வாடகை விடும் கரோக்கி ஒலிபெருக்கியையும் கொண்டுவந்து, மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படகிலிருந்து பேராசிரியர் தோவான் அளவுகோலோடு இறங்கினார். செருப்பில் வாத்து எச்சம். அவருக்குப் பின்னால் இரண்டு விரிவுரையாளர்கள். அவர்களுக்கும் பின்னால், அழைக்காமலே, உரக் கம்பெனி முதலாளியம்மா தூயெத். தன் கம்பெனிப் பெயரை ஒட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று பல்கலைக்கழகத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறவள்.

பேராசிரியர் படத்தைப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். பாத்திக்குள் இறங்கித் தூர்களை எண்ணினார், உயரம் அளந்தார், ஓர் இலையைக் கிழித்து முகர்ந்தார். வேரோடு ஒரு குத்தைப் பிடுங்கித் தண்ணீரில் அலசினார். வேர் தாடி மாதிரித் தொங்கியது.

"கியெம்."

"சார்."

"முப்பது வருஷத்துல இப்படி ஒரு வேர நான் பாத்ததில்ல."

கியெமுக்கு அழுகை வந்தது. யூரியாவுக்கு இப்படி வேர் விடுமா என்று அவனுக்குள் ஏதோ ஒன்று முணுமுணுத்தது. கேட்கும் நிலைமையில் அவன் இல்லை.

பேராசிரியர் ஐந்தாமண்ணன் பக்கம் திரும்பினார். "இதுக்கு என்னங்க போட்டீங்க?"

பச்சையைக் காட்டிக் கேட்டால் 'பொடி' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருந்தான் கியெம். கரையில் அத்தனை நாற்காலிகளைப் பார்த்த பிறகு ஒரு வார்த்தையோடு நிறுத்த ஐந்தாமண்ணனுக்கு மனம் வரவில்லை.

"பொடிங்க! பொடியத் தவிர வேற எதையும் தொடலங்க! தூவின மூணாம் நாளே பயிரு என்னப் பாத்துத் தலையாட்டுச்சு. கை பட்டதுல என் முட்டிவலி போயிடுச்சு. அந்தத் தண்ணியக் குடிச்ச வாத்து ரெட்டை முட்டை போடுது. எம் பொண்டாட்டி குறட்டைகூட..."

"அண்ணே!" என்றான் கியெம்.

முதலாளியம்மா தூயெத் கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றினாள். "எங்க கம்பெனியே எடுத்து விக்கும். பை தொண்ணூறாயிரம் டோங்."

"தொண்ணூறா? எழுவது!" என்று கரையிலிருந்து ஒரு குரல்.

"சாம்பல் மாதிரி இருக்கிறதுக்கு எழுவதா? அம்பது!"

"வேரப் பாத்தீங்களா? வேரப் பாத்துட்டுப் பேசுங்க!"

"எனக்குப் பத்துப் பை!"

"புத்தாண்டுக்கு வெச்சிருந்த ரெண்டு பன்னிக்குட்டியையும் இப்பவே வித்துடுறேன், எனக்கு முப்பது!"

எட்டாம் சித்தப்பா, வாத்து எல்லாவற்றையும் விற்றால் எத்தனை பை வரும் என்று பேராசிரியரையே கேட்டார். பேராசிரியர் கணக்குப் போட ஆரம்பித்தார்.

கியெமின் சட்டையை யாரோ இழுத்தார்கள். ஐந்தாமண்ணன்.

"வாத்தியாரே, எனக்கு ஒரு நாப்பது பை எடுத்து வெச்சிடுங்க. படகு எஞ்சின வித்துடலாம்னு பாக்குறேன்."

"அண்ணே! பொய் சொன்னதே நீங்கதானே!"

"சொன்னேன். ஆனா இத்தன பேரு நம்புறாங்களே. ஒருவேள நெசமா இருக்குமோ?"

கியெம் கரையைப் பார்த்தான். பன்றிக்குட்டி ஒன்று ஏற்கெனவே கயிற்றோடு வந்து நின்றது. பட்டம், வேலை, துரியன் கத்தி எல்லாம் ஒரு நொடி மங்கலாகத் தெரிந்து மறைந்தன. இந்த ஜனங்கள் வாத்தையும் பன்றியையும் விற்று வயல் முழுக்கத் தூசியைத் தூவப் போகிறார்கள். பயிர் வெளுத்து நிற்கும்போது கம்பெனிக்காரி இந்தப் பக்கம் வரமாட்டாள்.

அவன் படகு முனையில் ஏறி, மைக்கைப் பிடுங்கினான். கரோக்கிக்காரன் எதிரொலியை முழுதாகத் திருப்பி வைத்திருந்தான்.

"யாரும் வாங்காதீங்க... ங்காதீங்க... ங்காதீங்க! பொடியில ஒண்ணுமே இல்ல... இல்ல... இல்ல! பலகைய மாத்தினது நான்... நான்... நான்!"

கால்வாயே அமைதியானது. வாத்துகள்கூட.

"பச்சைக்குப் போட்டது யூரியா. பொடி போட்டது அந்த மஞ்சள். எட்டுப் பை போட்டும் இதுதான் கதி. மன்னிச்சிடுங்க... சிடுங்க... சிடுங்க."

"மைக்க அணைங்க" என்றார் பேராசிரியர்.

அந்த ஊரில் சமைத்து வைத்த வீட்டில் சாப்பிடாமல் யாரும் கிளம்ப முடியாது. எனவே தீர்ப்பு வாத்துக் கஞ்சியோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது. பேராசிரியர் இஞ்சி தட்டிப் போட்ட மீன் சாஸில் ஒரு துண்டு கறியைத் தோய்த்துத் தின்றுவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"பலகைய மாத்தினது தப்பு. எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டது பெரிய விஷயம். ரெண்டையும் கூட்டிக் கழிச்சா பட்டமும் இல்ல, போலீசும் இல்ல. எழுது. 'பொடி பயனற்றது. ஆய்வைக் கைவிடுகிறேன்.' கையெழுத்துப் போடு. அண்ணி, இன்னொரு கிண்ணம் கஞ்சி கிடைக்குமா?"

கியெம் எழுதினான். கையெழுத்துப் போட்டான். முதலாளியம்மா கறுப்புக் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கி, நாலாவது கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டாள். நாற்காலிகள் வீடு திரும்பின. பன்றிக்குட்டி துள்ளிக்கொண்டு போனது. படகு வளைவில் திரும்பி, எஞ்சின் சத்தமும் ஓய்ந்தது.

ஆச்சரியமாக, கியெமுக்குப் பசித்தது. இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தான். நாலு வருடத்தில் இவ்வளவு லேசாக அவன் இருந்ததில்லை. துரியன் வியாபாரம் அப்படி ஒன்றும் மோசமில்லை. பழத்தை யாரும் பலகை நட்டு ஒப்பிட மாட்டார்கள்.

குழுவுக்குக் காட்டவென்று பன்னிரண்டு பை பொடி கொண்டுவந்திருந்தான். அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி, படித்துறையில் நின்று, கால்வாயில் கொட்ட ஆரம்பித்தான். தண்ணீர் சாம்பல் நிறமாகக் கலங்கி ஓடியது. கொட்டக் கொட்டத் தோள் பாரம் குறைந்தது. பதினோராவது பையின்போது சீட்டியடிக்கவே தொடங்கிவிட்டான். ஐந்தாமண்ணன் துண்டால் காற்று வீசிக்கொண்டு பக்கத்தில் துக்கம் காத்தார்.

பன்னிரண்டாவது பையின் வாயைப் பிரித்தபோது, அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஐந்தாமண்ணி ஓடிவந்து பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, கொட்டாதீங்க வாத்தியாரே, இத எனக்குக் குடுங்க! யூரியா விக்கிற வெலைக்கு அத எவ தூவுவா? இவரு தூவ வெச்சிருந்த எட்டுப் பையிலயும் அடுப்புச் சாம்பல ரொப்பி வெச்சிட்டு, பாலத்து முனைப் பாத்திக்கு நான் போட்டது பூரா உங்க பொடியத்தான்!"